ஹவுகெட்டோவில் குறுக்கு வரிகள்

2006 மே, ஒரு வெள்ளிக்கிழமை. காலை 9.10.

எல்லிங்ஸ்ருட் ரயில் நிலையம் பாறையைக் குடைந்து கட்டியது. மேலே பிர்ச் மரங்கள் துளிர்விட்டு வெயிலில் மினுங்க, படியிறங்கினால் மார்கழி. டிக்கெட் இருபது குரோணர். ஒரு மணி நேரத்துக்குள் எந்த வண்டிக்கும் மாறிக்கொள்ளலாம். என் உதடுகள் தாமாகவே அதை ரூபாயாக்கத் தொடங்கின.

"பெருக்கிப் பார்க்காதேங்கோ அக்கா," என்றாள் சுகந்தி. "பெருக்கினால் இஞ்சை ஒரு தேத்தண்ணியும் குடிக்க ஏலாது."

சுகந்தி சாவகச்சேரிக்காரி. ஒஸ்லோவுக்கு வந்து பதினேழு வருடம். முதியவர்களின் வீட்டுக்குப் போய் உதவும் வேலை செய்கிறாள். என் கவிதைகளைப் படித்துவிட்டுக் கடிதம் எழுதத் தொடங்கியவள். ஆறு வருடக் கடிதங்களுக்குப் பிறகு இப்போதுதான் நேரில் பார்க்கிறேன். நான் லண்டனில் ஒரு கூட்டத்துக்கு வருவதாக எழுதியதும் இங்கேயும் வந்து போகச் சொன்னாள். கூடவே ஒரு வேலையும் வைத்திருந்தாள்.

அதை ரயிலில் சொன்னாள். வாரம் இருமுறை அவள் கவனித்துக்கொள்ளும் இங்கெர் என்ற மூதாட்டியிடம் ஒரு பெட்டி நிறைய ஆங்கிலக் கடிதங்கள். இங்கெருடைய தாயின் பாட்டி அமெரிக்காவில் குவேக்கர் குடும்பத்தில் பிறந்தவள். குவேக்கர்களுக்குப் பாதிரியும் இல்லை, பட்டங்களும் இல்லை. மௌனமாகக் கூடி உட்கார்ந்திருப்பதே வழிபாடு. அந்தப் பெண்ணின் அக்கா, ஊர் ஊராகப் போய்ப் பெண்களுக்கு உரிமை கேட்டு மேடையேறியவள். தங்கையோ நோர்வேயின் ஸ்தவாங்கர் துறைமுகத்து மாலுமி ஒருவனை, சபைக்கு வெளியே, மணந்துகொண்டு கப்பலேறிவிட்டாள். சபை அவள் பெயரை நீக்கியது. அக்காவும் அவளை விலக்கிவிட்டாளா என்பது நான்கு தலைமுறையாக இந்தக் குடும்பத்தில் யாருக்கும் தெரியாது.

மறுநாள் மதியம் ஸ்தவாங்கரிலிருந்து இங்கெரின் மருமகன் வந்து பெட்டியை ஆவணக் காப்பகத்துக்கு எடுத்துப் போகிறார். அடுத்த வாரம் இங்கெர் முதியோர் இல்லத்துக்குப் போகிறார். அதற்குள் அவருக்குத் தெரிய வேண்டும்.

10.05. நகர மத்தியில் வண்டி மாறி, இங்கெர் வசிக்கும் ஹவுகெட்டோ. ஃபியோர்டு என்கிற கடற்கழியின் ஒரு துண்டு ஜன்னலில் வந்து, மின்னிவிட்டு, குகைக்குள் தொலைந்தது.

"பேர் சொல்லித்தான் கூப்பிட வேணும்," என்று சுகந்தி வழியெல்லாம் எச்சரித்தாள். "இஞ்சை டொக்டரையும் பேர்தான், பிரதமரையும் பேர்தான்." தலையாட்டினேன். கதவு திறந்ததும் என் நாக்கு திருச்சிக்கே ஓடிவிட்டது: "வணக்கம், இங்கெர் அம்மா." என்ன சொல்கிறாள் என்று அவர் கேட்க, சுகந்தி விளக்க, எண்பத்தெட்டு வயதில் தனக்கு ஒரு மகள் பிறந்திருப்பதாகச் சொல்லிச் சிரித்தார். கண் மங்கியவர். ஓய்வு பெறும்வரை தபாலகத்தில் ஊரார் கடிதங்களைப் பிரித்துப் போட்டவர்.

காப்பி, வாஃபிள், பழுப்புப் பாலாடைக்கட்டி. பெட்டி மேசைக்கு வந்தது. நான் ஆங்கிலத்தில் படித்துத் தமிழில் சொல்ல, சுகந்தி அதை நோர்வேஜிய மொழியில் சொன்னாள். ஒரு கடிதத்தையே குடும்பத்தில் பலரும் தொடர்ந்து எழுதிக் கைமாற்றி அனுப்பியிருந்தார்கள். குவேக்கர் வழக்கப்படி நாளுக்கும் மாதத்துக்கும் பெயர் கிடையாது: 'மூன்றாம் மாதம், ஐந்தாம் நாள்'. தான் பேசிய கூட்டத்தில் ஜன்னல் மேல் கல் விழுந்ததை, அடுப்பில் ரொட்டி கருகியதைப் போல் ஒரே வரியில் சொல்லிவிட்டு, உலர்த்திய ஆப்பிள் அனுப்பியிருப்பதாக எழுதுகிறாள் அக்கா. பத்துக் கடிதங்களில் தங்கையின் கல்யாணத்தைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை.

கடைசியாக இங்கெர் ஒரு தாளைத் தனியே எடுத்துத் தந்தார். அக்கா மட்டும் எழுதியது. வரிகளின் மேல் குறுக்கே இன்னும் வரிகள். கம்பி வலை போல் ஒரு தாள். இங்கெரின் தாய் நேர் வரிகளை மட்டும் மொழிபெயர்த்துவிட்டு, மற்றது பின்பக்கத்திலிருந்து ஊறிய மை, படிக்க முடியாது என்று குறித்துவைத்திருந்தார்.

இங்கெர் மெதுவாக ஏதோ சொன்னார். சுகந்தி தயங்கித் தமிழாக்கினாள்: "தங்கச்சியை விலக்கி எழுதினது எண்டால் இந்தத் தாள் பெட்டிக்குள்ள போகாதாம். அடுப்புக்குள்ளதானாம்."

மூலையில் விறகடுப்பு இருந்தது. நான் தாளைப் பக்கவாட்டில் திருப்பிப் பார்த்தேன். எழுத்து எழுத்தின் மேல் ஏறி நின்றது. மன்னியுங்கள், முடியவில்லை என்றேன்.

"தாங்கோ," என்று சுகந்தி வாங்கினாள். கண் மட்டத்துக்கு உயர்த்தி, தட்டுப்போல் கிடையாகப் பிடித்து, ஜன்னல் வெளிச்சத்தில் சாய்த்தாள். "சண்டை நேரத்தில அம்மா ஏரோகிராம் இப்பிடித்தான் அனுப்புவா. ஒரு தாள்தான் கிடைக்கும், அதிலை மேலாலையும் குறுக்காலையும் எழுதுவா. நேராப் பிடிச்சால் தெரியாது. இப்ப பாருங்கோ."

குனிந்து பார்த்தேன். நேர் வரிகள் நசுங்கிக் கோடுகளாயின. குறுக்கு வரிகள் எழுந்து வந்தன. இங்கெரின் தாய் ஊறிய மை என்று நினைத்தது, தாள் கூடினால் தபால் செலவும் கூடும் என்று ஒரு பெண் இறுக்கி எழுதிய இரண்டாவது கடிதம்.

ஒவ்வொரு சொல்லாகப் படித்தேன்: "நூற்றுக்கணக்கானோர் முன் நான் பேசுகிறேன். சபையில் உன் பெயரை நீக்கி வாசித்தபோது அங்கேதான் உட்கார்ந்திருந்தேன். எழுந்திருக்கவில்லை. அன்று என் மௌனம் வழிபாடு அல்ல, பயம். இதை நேர் வரிகளில் எழுதத் துணிவில்லை. நீ என் தங்கை."

சுகந்தி அதை நோர்வேஜிய மொழியில் சொல்லி முடித்தாள். காப்பி ஆறியது. ஒரு ரயில் போனது, இன்னொன்றும் போனது. இங்கெர் கையை நீட்டித் தாளை வாங்கி மேசையில் வைத்துத் தடவினார். பிறகு பேனா கேட்டார். ஒரு துண்டுச் சீட்டில், கண் தெரியாமலே, தபாலகத்துப் பெரிய எழுத்துகளில் எழுதி, தாளோடு சேர்த்துப் பெட்டியில் எல்லாவற்றுக்கும் மேலே வைத்தார். 'சாய்த்துப் பிடித்துப் படிக்கவும்' என்று எழுதியிருந்ததாகச் சுகந்தி சொன்னாள்.

வாசலில் இங்கெர் என் கையைப் பிடித்து, 'அம்மா' என்று சொல்லிப் பார்த்துக்கொண்டார்.

ஞாயிறு, பிற்பகல் 3.40. விமான நிலைய ரயிலில் தனியே. வயல்கள் பச்சையாகத் திறந்துகொண்டே வந்தன. எங்கள் வீட்டில் கடிதம் வந்தால் படித்துவிட்டு வளைந்த கம்பியில் குத்திவிடுவோம். சமையலறைக் கதவுக்குப் பின்னால் இன்னும் தொங்குகிறது. ஒவ்வொரு கடிதத்தின் நடுவிலும் ஒரு சொல் ஓட்டையாகியிருக்கும். அது என்ன சொல் என்று இதுவரை பார்த்ததில்லை. ஊர் போனதும் அவற்றை இறக்கி, ஜன்னலோரம் கொண்டுபோக வேண்டும்.