ஓட்டத் தெரியாதவரின் கார்

என்ஜின் எண்ணெயை அளக்கும் டிப்ஸ்டிக்கை இரண்டாம் முறை உருவி, வெளிச்சத்துக்கு நேராகப் படுக்கைவாட்டில் பிடித்து, மூக்குக்கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டுப் பார்க்கிறார். பிறகு கண்ணாடியை இறக்கிக்கொண்டு மறுபடி பார்க்கிறார். இரண்டு பார்வைக்கும் எண்ணெய் ஒரே இடத்தில்தான் நிற்கிறது, மேல் கோட்டுக்கும் கீழ்க் கோட்டுக்கும் நடுவில். "ம்" என்கிறார். பக்கத்தில் யாரும் இல்லை. அந்த "ம்" என்ஜினுக்குச் சொன்னது.

ஞாயிறு காலை ஆறரை மணிக்கு என் சமையலறை ஜன்னலைத் திறந்தால் இந்தக் காட்சிதான். நான்காம் மாடியிலிருந்து பார்க்கும்போது அவர் காருக்குத் தலை வாரிவிடுவது போல இருக்கும். முழங்கை வரை மடித்துவிட்ட சட்டை, கையில் ரப்பர் உறை, தோளில் பழைய பனியனைக் கிழித்த துணி. பானெட்டைத் திறப்பதற்கு முன் ஒரு கோலிக்குண்டைத் தரையில் வைத்து, அது உருளுகிறதா என்று பார்ப்பார். வண்டி மட்டமான தரையில் நின்றால்தான் அளவு சரியாகக் காட்டும் என்பது அவர் கட்சி. ஐந்து வருடமாக அதே இடத்தில்தான் நிறுத்துகிறார்கள். குண்டு ஒரு நாளும் உருண்டதில்லை. ஆனாலும் வைப்பார். "தரை மாறாதுன்னு யார் சார் எழுதிக் கொடுத்தா?"

குடியிருப்பில் எல்லோருக்கும் அவர் கண்ணாடிக்காரர். கடைத்தெருவில் ஒரு மூக்குக்கண்ணாடிக் கடையில் பதினெட்டு வருடமாக வேலை. "இப்ப தெளிவா இருக்கா, இல்ல இதுக்கு முன்னாடி தெளிவா இருந்துச்சா?" என்று நாளுக்கு நூறு பேரைக் கேட்டுக் கேட்டு, வீட்டிலும் அதே கேள்விதான். டீயில் சர்க்கரை போதுமா என்று மனைவி கேட்டால், இந்த டீயையும் நேற்றைய டீயையும் ஒப்பிட்டு யோசித்துவிட்டுத்தான் பதில் வரும். அதற்குள் டீ ஆறிவிடும்.

இவருக்குக் கார் ஓட்டத் தெரியாது. நான்கு முறை ஓட்டுநர் தேர்வுக்குப் போனவர். நான்காவது முறை ஒரு முச்சந்தியில் வண்டியை நிறுத்தி எதிரே வந்தவர்களுக்கு வழிவிட்டார். பிறகு வலப்பக்கம் வந்தவர்களுக்கு. பிறகு நடந்து போனவர்களுக்கு. தேர்வு நடத்த வந்த அதிகாரி கதவைத் திறந்து இறங்கி, மிச்ச தூரத்தை நடந்தே அலுவலகம் போய்ச் சேர்ந்தாராம். "அவங்க எல்லாருக்கும் அவசரம் இருந்துச்சு சார். எனக்கு ஒண்ணும் அவசரமில்ல" என்று இவர் என்னிடம் விளக்கியபோது அதில் வருத்தம் எதுவும் தெரியவில்லை.

ஓட்டுவது மனைவி. பக்கவாதம் வந்தவர்களுக்கும் எலும்பு முறிந்தவர்களுக்கும் வீடு தேடிப் போய் உடற்பயிற்சி சொல்லிக்கொடுக்கும் பிசியோதெரபிஸ்ட். ஒரு நாளைக்கு ஆறு வீடு. படி இறங்கும்போதே சாவியை விரலில் சுழற்றிக்கொண்டு வருகிற வேகம். "ஓட்டுறது அவ டிபார்ட்மென்ட். உள்ள ஓடுறது என் டிபார்ட்மென்ட்" என்பார் இவர்.

அந்த டிபார்ட்மென்டில் சட்டதிட்டங்கள் கடுமை. என்ஜின் சூட்டைத் தணிக்கும் கூலண்ட் இருக்கிற தொட்டியின் அளவை வண்டி ராத்திரி முழுக்க நின்று குளிர்ந்த பிறகுதான் பார்க்க வேண்டும். பச்சை கூலண்டோடு சிவப்பைக் கலக்கக் கூடாது. எண்ணெய் குறைந்தால் கொஞ்சம் ஊற்றி, காத்திருந்து, அளந்து, மறுபடி கொஞ்சம் ஊற்ற வேண்டும். "கம்மியானாலும் தப்பு, கூடினாலும் தப்பு. கண்ணு பவர் மாதிரி." பழைய எண்ணெயைச் சாக்கடையில் ஊற்றுவதை அவர் கேள்விப்படக்கூட விரும்ப மாட்டார். இறுக மூடிய கேனில் அடைத்து, மடியில் வைத்துக்கொண்டு, பஸ்ஸில் ஒர்க்‌ஷாப்புக்கு எடுத்துப் போய், அங்கே இருக்கிற பீப்பாயில் ஊற்றிவிட்டு வருவார். ஒருமுறை கண்டக்டர் கேனைப் பார்த்துத் தேனா என்று கேட்டிருக்கிறார். "ஊத்தும்போது தேன் மாதிரிதான் சார் இருந்துச்சு. இப்ப இல்ல" என்று உண்மையைச் சொல்லியிருக்கிறார்.

போன மாதம் கூலண்ட் குறைய ஆரம்பித்தது. தொட்டியின் மேல் கண்ணாடிக் கடையில் ஒட்டும் பொட்டு அளவு ஸ்டிக்கர் ஒன்றை ஒட்டி அளவைக் குறித்தார். இரண்டு நாள் கழித்து அதற்குக் கீழே இன்னொன்று. பிறகு இன்னொன்று. ஐந்தாவது ஸ்டிக்கர் ஒட்டிய அன்று, டார்ச் அடித்துத் தேடியதில் ரேடியேட்டரின் கீழ் ஹோஸில், கிளிப் இறுக்கும் இடத்தில், வெள்ளையும் பச்சையுமாகப் பொரிந்து போயிருந்ததைக் கண்டுபிடித்தார். ஒர்க்‌ஷாப்காரர் குனிந்து பார்த்துவிட்டு, "இன்னும் ஒரு மாசம் தாங்கும், கவலைப்படாதீங்க" என்று அனுப்பிவிட்டார். கவலைப்படாமல் இருப்பது இவருக்குத் தெரியாத வேலை.

அடுத்த ஞாயிறு. இவர் பானெட்டைத் தாங்கும் கம்பியைப் பிடித்தபடி காருக்கு முன்னால் நிற்கிறார். மனைவி சாவியோடு வருகிறார். என் ஜன்னலுக்கு ஒரு வார்த்தை விடாமல் கேட்டது.

"இன்னிக்கு வண்டி வேணாம்மா. அந்த ஹோஸ் சரியில்ல."

"இன்னிக்குத்தான் தபால்காரரை நிக்க வைக்கிறோம். எட்டு மாசமாப் படுத்திருக்கார். பிடிச்சுக்க அவர் பசங்க ரெண்டு பேரும் இன்னிக்குத்தான் வீட்ல இருப்பாங்க."

"பஸ்ல போயேன்."

"ஞாயித்துக்கிழமை பஸ்ஸை நம்பி அவரை உட்கார வச்சுட்டு நான் எப்பப் போய்ச் சேர? நாளைக்கு ஹோஸை மாத்திடலாங்க. ஒரு நாள்."

அவர் கூலண்ட் பாட்டிலை எடுத்தார். தொட்டியில் மேல் கோடு வரை ஊற்றி, மூடியைத் திருகி, திருகியது சரிதானா என்று இன்னொரு முறை திருகிப் பார்த்து, பானெட்டை இறக்கினார். வண்டி கேட்டைத் தாண்டும்வரை நின்றார். பிறகு அது நின்ற இடத்தில் மண்டியிட்டுத் தரையைத் தடவிப் பார்த்தார்.

முக்கால் மணி நேரம் ஆகியிருக்கும். என் மூக்குக்கண்ணாடியின் உடைந்த காதுக்கம்பியைச் சரிசெய்து கொடுப்பதாகச் சொல்லியிருந்ததால் கீழே அவரோடு நின்றுகொண்டிருந்தேன். அவர் போன் அடித்தது. கையில் சின்னத் திருப்புளி, வாயில் சின்னத் திருகாணி. என்னை எடுக்கச் சொல்லி ஸ்பீக்கரில் போடச் சொன்னார்.

"என்னங்க, முன்னாடி புகையா வருது!"

திருகாணியைத் துப்பினார். "புகையில்ல, ஆவி. ஆஃப் பண்ணிட்டியா?"

"பண்ணிட்டேன். ஓரமா நிறுத்திட்டேன். முட்டை வண்டிக்காரர் ஒருத்தர் உதவிக்கு நின்னார். பானெட்டைத் தூக்கிட்டார். ஈரத்துணி போட்டு ரேடியேட்டர் மூடியத் திறந்து தண்ணி ஊத்திடலாங்கிறார்."

"போனை அவர்கிட்ட குடு."

அவர் குரல் உயர்ந்து நான் கேட்டதே இல்லை. கடையில் கிழவர்களிடம் எழுத்துப் பலகையைக் காட்டும்போதுகூட அவர்தான் பக்கத்தில் போய் நிற்பார், சத்தம் போட மாட்டார். அன்றைக்கு, "கையை எடுங்க!" என்று அவர் போட்ட சத்தத்தில் எதிர்க் கட்டடத்து வாட்ச்மேன் நாற்காலியை விட்டு எழுந்து நின்றார்.

மறுமுனையில் மனத்தாங்கலோடு ஒரு குரல். "சார், நான் இருபது வருஷமா வண்டி ஓட்டுறேன்."

"நான் ஒரு நாளும் ஓட்டினதில்ல சார். இருந்தாலும் கையை எடுங்க. உள்ள கொதிச்சுக்கிட்டு இருக்கு. மூடியத் தளர்த்தினா அப்படியே மேல பீச்சும், மூஞ்சி வெந்துடும். துணியெல்லாம் தாங்காது. நீங்க ரெண்டு பேரும் வண்டியை விட்டுத் தள்ளி நில்லுங்க. ஆறட்டும்."

"யாருக்காவது அப்படி ஆயிருக்கா சார்?"

இவர் யோசித்தார். நேர்மையான ஆள். "எனக்குத் தெரிஞ்சு இல்ல. ஆகக் கூடாதுன்னுதான்."

"சரி சார், எடுத்துட்டேன்."

என் ஸ்கூட்டரில் கிளம்பினோம். எங்கள் இருவருக்கும் நடுவே கூலண்ட் பாட்டில்கள் இரண்டை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். பாதி வழியில் என் காதருகே சொன்னார்: "ஹோஸ் பிஞ்சிருந்தா இதை ஊத்தி ஒரு பிரயோஜனமும் இல்ல சார்." பிறகு எதற்கு எடுத்து வருகிறீர்கள் என்றேன். "வெறுங்கையோட எப்படிப் போய் நிக்கிறது?"

பாலத்தைத் தாண்டி இறக்கத்தில் கார் நின்றது. கீழே பச்சையாக ஒரு குட்டை. முட்டை வண்டிக்காரர் போகாமல் காத்திருந்தார். வண்டி ஓட்டத் தெரியாமலே தன்னை மிரட்டிய மனிதரைப் பார்க்கத்தான் நின்றார் என்று நினைக்கிறேன். மனைவி சாலையோரத் தடுப்பின் மேல் பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். எங்களைப் பார்த்ததும் எழுந்து, யாரும் கேட்பதற்கு முன்பே சொன்னார்: "சூடு காட்டுற முள்ளு ஏறினதுமே நிறுத்திட்டேன்."

"உடனேவா?"

மனைவி பையின் வாரைப் பார்த்தார். "பாலத்தைத் தாண்டி."

"பாலத்து மேல நிறுத்த முடியாதுதான்" என்றார் இவர்.

குனிந்து தூரத்திலிருந்தே டார்ச் அடித்தார். கீழ் ஹோஸ் கிளிப் ஓரமாக ஒரு சாண் கிழிந்திருந்தது. இவர் அதைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. காலையில் நடந்த பேச்சைப் பற்றியும் சொல்லவில்லை. சொல்லுவார் என்று மனைவி காத்திருந்தது முகத்தில் தெரிந்தது. சொல்லாததைத் தாங்க முடியாமல் அவரே ஆரம்பித்தார்: "நீங்க சொன்னீங்க. நான்தான் கேக்கல. அந்த மனுஷன் காலையிலயே புதுச் சட்டை போட்டு உட்கார்ந்திருக்காராம். அவர் பையன் ரெண்டு தடவை போன் பண்ணிட்டான்." அவர் அழுது நான் பார்த்ததில்லை. அழவும் இல்லை. ஆனால் அழுகையின் விளிம்பு வரை போய்விட்டார்.

கண்ணாடிக்காரர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். என் ஸ்கூட்டரைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். "சார், உங்களுக்கு வேற வேலை ஏதாவது இருக்கா?"

எனக்கு ஞாயிற்றுக்கிழமை ஒரு வேலையும் இல்லை என்பது அவருக்கு நன்றாகத் தெரியும்.

"நீ சாரோட போம்மா. வண்டிக்கு நான் இருக்கேன்."

மனைவியை இருபது நிமிடத்தில் தபால்காரர் வீட்டு வாசலில் இறக்கிவிட்டேன். வழியில் அவர் ஒரே ஒரு வார்த்தைதான் பேசினார்: "வேகமா." திரும்பி வருவதற்குள் முட்டை வண்டி போய்விட்டிருந்தது. ரெக்கவரி லாரி வந்து காரைத் தூக்கி முதுகில் ஏற்றி முடித்திருந்தது. லாரி டிரைவர் தன் இருக்கையில் உட்கார்ந்து ஹாரன் அடித்துக்கொண்டிருந்தார்.

கண்ணாடிக்காரர் லாரியில் இல்லை. கார் நின்ற இடத்தில் குந்தியிருந்தார். முட்டை வண்டிக்காரர் ஒரு கட்டு காலி அட்டைத் தட்டுகளை விட்டுப் போயிருந்தார். அவற்றைப் பச்சைக் குட்டையில் ஒவ்வொன்றாக அமுக்கி, ஊறியதும் எடுத்து ஒரு பிளாஸ்டிக் பையில் திணித்துக்கொண்டிருந்தார். மிச்ச ஈரத்தின் மேல் சாலையோர மண்ணை அள்ளிப் போட்டு மிதித்தார்.

"லாரிக்காரர் கத்துறார்" என்றேன்.

"இது இனிப்பா இருக்கும் சார். ஆனா விஷம்." பையின் வாயை முடிச்சுப் போட்டார். "நக்கினா அவ்வளவுதான். அதுக்குத் தெரியாதே."

அவர் பார்த்த பக்கம் பார்த்தேன். தடுப்புக்கு அப்பால், விலா எலும்பு தெரிய ஒரு நாய் நாக்கைத் தொங்கவிட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தது. எவ்வளவு நேரமாக உட்கார்ந்திருந்ததோ.

போன் அடித்தது. காதில் வைத்து, "சரிம்மா... சரிம்மா" என்றார். என்னிடம் திரும்பினார். "பதினோரு செகண்ட் நின்னாராம்."

லாரியின் ஹாரன் இன்னொரு முறை நீளமாக அடித்தது. கண்ணாடிக்காரர் உறைகளைக் கழற்றினார். கையைக் கழுவினார். அழுக்குப்படாத முட்டைத் தட்டு ஒன்றை எடுத்துப் போய்த் தடுப்புக்கு அப்பால் வைத்து, தன் குடிதண்ணீர்ப் பாட்டிலில் மிச்சமிருந்ததை அதன் குழிகளில் ஊற்றினார். நாய் எழுந்து வந்தது. டிரைவர் பக்கம் திரும்பாமலே, ஒரு நிமிஷம் என்று விரலைக் காட்டியபடி, கடைசிக் குழி காலியாகும்வரை நின்றார்.