தோட்டவெளியில் எனக்கொரு கதிரை

தை மாதக் கடைசியில் எங்கள் ஊர்ச் சந்தியில் ஒருவர் ஆடத் தொடங்கிவிடுவார். எங்கள் ஊர் என்று நான் இப்போது சொல்வது நியூ ஜேர்சியில் நான் குடியிருக்கும் சிறிய நகரத்தை. பச்சை அங்கி, தலையில் கூர்கூராக நீட்டிய கிரீடம், கையில் 'வரிக் கணக்கு இங்கே செய்து தரப்படும்' என்ற பலகை. பனி கொட்டினாலும் அவர் ஆடுவார். வந்த முதலாவது வருடம் நான் அதை இயேசுவின் பாடுகளைக் காட்டும் பாஸ்கு நாடகத்துக்கு ஆள் சேர்க்கும் விளம்பரம் என்றே நினைத்தேன். அந்தக் கிரீடத்தை முள்முடி என்றல்லாமல் வேறு எப்படி நினைப்பது? மன்னாரில் தவக்காலத்தில் அப்படியொரு கோலத்தில் நிற்பவருக்கு வேறு அர்த்தமில்லை. அது சுதந்திர தேவியின் வேடம் என்றும், அருகிலுள்ள வரிக் கடைக்கு ஆள் பிடிக்கிறார் என்றும் வேலைத்தலத்தில் சிரித்துக்கொண்டே விளக்கினார்கள். திகதிகளைக் குறித்து வைப்பது எனக்குப் பழக்கம். விபூதிப் புதனும் உயிர்ப்பு ஞாயிறும் எந்தத் திகதியில் வந்தாலும், இந்த நாட்டின் வரிக்காலமும் எங்கள் தவக்காலமும் ஒன்றின்மேல் ஒன்றாகவே விழுகின்றன. முன்பு இதை ஒரு வேடிக்கையாக எழுதி வைத்தேன். இந்த வருடம் அதில் எனக்கு வேடிக்கை எதுவும் தெரியவில்லை.

தவக்காலத்தின் இரண்டாவது வாரம், ஒரு செவ்வாய்க்கிழமை, எங்கள் கணக்காளரின் அலுவலகத்தில் இருந்தேன். அறுபது வயதைத் தாண்டிய, அன்பாகப் பேசும் அம்மணி. வழக்கமான கேள்விகள் முடிந்ததும், வெளிநாட்டில் ஏதாவது உண்டா என்று இம்முறைதான் முதன்முதலாகக் கேட்டார். பெருமை யாரை விட்டது? மன்னாரில், தோட்டவெளியில் ஒரு நண்டுக் கம்பனி இருக்கிறது என்றேன். கைப்பேசியில் படத்தையும் காட்டினேன். தகரக் கூரை, நீல நிறச் சுவர், வாசலில் என் தங்கை ஜெசிந்தா, பின்னால் நண்டுச் சதை எடுக்கும் பெண்கள். அவர் படத்தைப் பார்க்கவில்லை. எழுதுவதை நிறுத்திவிட்டு, எவ்வளவு பங்கு உங்களுடையது என்றார். பெரும்பகுதி என்றேன். எங்கே இருக்கிறது என்றார். ஒரு தீவில் என்றேன். அந்தச் சொல் அவர் முகத்தில் விழுந்ததை நான் பார்த்தேன். அவர் அறிந்த தீவுகள் வேறு. அங்கே கம்பனிகளுக்குக் கதவு கிடையாது, தபால்பெட்டி மட்டும்தான். அவற்றில் பணத்தைப் பதுக்குகிறவர்களைப் பிடிக்க எழுதிய சட்டத்துக்குள் எங்கள் தீவும் நண்டோடு சேர்ந்து அகப்பட்டுக்கொண்டது.

சட்டம் இதுதான். இந்த நாட்டுக் குடியுரிமை உள்ள ஒருவருக்கு வெளிநாட்டுக் கம்பனியில் பாதிக்கு மேல் பங்கு இருந்தால், அந்தக் கம்பனியின் வரவு, செலவு, சொத்து, கடன் எல்லாவற்றையும் அவர் வருடா வருடம் இங்கே அறிவிக்க வேண்டும். அதிலிருந்து ஒரு சதம் அவர் கைக்கு வராவிட்டாலும், கட்டவேண்டிய வரி பூச்சியமானாலும் அறிவிக்க வேண்டும். அறிவிக்கத் தவறினால் அபராதம். எங்கள் வாடி, அந்த நண்டுக் கொட்டகை, ஒரு நல்ல வருடத்தில் மிச்சம் பிடிப்பதைவிட அந்த அபராதம் பெரியது. தவறிய ஒவ்வொரு வருடத்துக்கும் தனித்தனியாக. எனக்கு இது தெரிந்தபோது மூன்று வருடங்கள் போயிருந்தன.

கம்பனி எப்படி என் பெயருக்கு வந்தது என்பதைச் சொல்ல வேண்டும். ஜெசிந்தாவின் கணவர் அருள்தாஸ், எனக்கு மச்சான். யுத்தத்தின் கடைசிக் காலத்தில், கடற்படையிடம் பாஸ் எடுத்துத்தான் கடலுக்குப் போகலாம் என்றிருந்த நாட்களில், ஒருநாள் விடியற்காலை பாஸ் எடுத்துக்கொண்டு போனார். ஆளும் வரவில்லை, படகும் வரவில்லை. அதன்பின் ஜெசிந்தா ஏறாத அரசாங்கக் கந்தோர் இல்லை. வீட்டுக் காணி அவர் பெயரில் இருந்தது. அதை வைத்து எதைச் செய்யப் போனாலும் ஒரே பதில்தான்: கணவர் வந்து கையெழுத்துப் போட வேண்டும், இல்லாவிட்டால் அவருடைய மரணச் சான்றிதழ் வேண்டும். அவளோ அவருடைய படத்தைப் பிடித்துக்கொண்டு வீதியோரப் போராட்டங்களில் நின்றவள். தன் கையால் அவர் இறந்துவிட்டார் என்று எழுதிக் கொடுக்க அவள் சம்மதிக்கவில்லை. இறந்தவர் என்று சொல்லாமல், காணவில்லை என்று மட்டும் சொல்லும் ஒரு சான்றிதழும் பிறகு வந்தது. அதையும் கொண்டுபோய்க் காட்டினாள். வங்கி முகாமையாளர் அதை இரண்டு பக்கமும் திருப்பிப் பார்த்துவிட்டு, இது காணாது, வேறு வேண்டும் என்றாராம்.

எங்கள் கரையில் இப்படி அடிபட்டவர்கள் பலர். அதனால் ஒரு பழக்கம் தானாகவே உண்டாகிவிட்டது. கடலுக்குப் போகிறவர் பெயரில் எதையும் எழுதாதே, வெளிநாட்டில் இருப்பவர் பெயரில் எழுது. படகு கனடாவில் உள்ள தமையன் பெயரில், கடை லண்டனில் உள்ள மச்சாள் பெயரில். கூப்பிட்டால் 'ஹலோ' சொல்லக்கூடிய ஒருவர், கையெழுத்துக் கேட்டால் அனுப்பக்கூடிய ஒருவர். நண்டு வாங்கும் ஏற்றுமதிக்காரர்கள் பதிவு செய்த கம்பனியோடு மட்டும்தான் வியாபாரம் என்றபோது, பிரீசர் வாங்கக் கடன் தேவைப்பட்டபோது, ஜெசிந்தா செய்ததும் அதைத்தான். பெரும்பங்கு என் பெயரில் இருந்தால் காணி இல்லாமலே கடன் தருகிறோம் என்று வங்கி சொன்னது. நான் கையெழுத்துப் போட்டு அனுப்பினேன். அந்தோனியார் திருநாளுக்கு அடுத்த நாள் கோவில் சுவாமி வந்து செபம் சொல்லி வாடியை மந்திரித்தார். தொலைந்ததைத் தேடித்தரும் புனிதரின் திருநாளை ஒட்டியே அவள் ஏன் நாள் பார்த்தாள் என்று நான் கேட்கவில்லை.

இதையெல்லாம் கணக்காளர் அம்மணிக்கு ஆங்கிலத்தில் சொல்ல முயன்றேன். உண்மையான முதலாளி யார் என்று கேட்டார். தங்கை என்றேன். அப்படியானால் பங்கு ஏன் அவர் பெயரில் இல்லை என்றார். அவளுடைய கணவரைக் காணவில்லை என்றேன். முகத்தில் இரக்கத்தோடு, விட்டுவிட்டுப் போய்விட்டாரா என்றார். இல்லை, கடலுக்குப் போனார் என்றேன். அவர் தலையை ஆட்டிக்கொண்டே தன் தாளில் 'செப்பரேட்டட்' என்று எழுதினார். கணவனும் மனைவியும் பிரிந்து வாழ்கிறார்களாம். நான் அந்தச் சொல்லை வெட்டச் சொன்னேன். அவர் வெட்டிவிட்டு, எந்தச் சொல்லைப் போடட்டும் என்று பேனாவைப் பிடித்தபடி காத்திருந்தார். அவர்மேல் எனக்குக் கோபமில்லை. என் கோபம் அந்தப் பேனா எழுதக்கூடிய சொற்கள் இவ்வளவுதான் என்று முடிவு செய்தவர்கள்மேல்.

எங்கள் பக்கத்துச் சரித்திரத்தைக் கொஞ்சம் வாசித்தவன் நான். கொண்டச்சிக் குடாவில் முத்துக் குளித்த காலத்தில், கரைக்கு வந்த சிப்பியைக் குவியல் குவியலாகப் பிரித்து, பெரிய பங்கை அரசாங்கம் எடுத்தது. போர்த்துக்கேயரும் ஒல்லாந்தரும் ஆங்கிலேயரும் ஒருவரை ஒருவர் துரத்திவிட்டு வந்தார்கள், ஆனால் சிப்பிக் கணக்கை எவரும் கைவிடவில்லை. அது கொள்ளை. ஆனாலும் அந்தக் கொள்ளைக்காரன் வெயிலில் கரையில் வந்து நின்றான். குளித்தவனின் சிப்பியைக் கண்ணால் பார்த்துத்தான் எடுத்தான். குளிக்காதவனைக் கூப்பிட்டு, உனக்குக் கிடைக்காத சிப்பியை விபரமாக எழுதித் தா, எழுதாவிட்டால் குற்றம் என்று கேட்கவில்லை. பெரும் பணக்காரர்களுக்கு இந்தத் தாள்களை நிரப்ப ஒரு மாடி நிறைய ஆட்கள் இருப்பார்கள். பிழைத்துப் போகும் வழியும் அந்த ஆட்களுக்குத் தெரியும். அகப்படுகிறவன் கேட்ட கேள்விக்கு உண்மையைச் சொல்லி, படத்தையும் காட்டுகிறவன்தான்.

அம்மணி இரண்டு வழி சொன்னார். பழைய வருடங்களுக்குரியதைப் பிந்தியென்றாலும் அனுப்பி, பிந்திய காரணத்தைக் கடிதமாக எழுத வேண்டும். அது எப்படியும் செய்தாக வேண்டியது. அதற்குப் பிறகு, பங்கை உடனே தங்கைக்கு மாற்றிவிட்டு இந்தத் தலையிடியிலிருந்து விலகலாம், அல்லது வைத்துக்கொண்டு வருடா வருடம் இதே பாட்டைப் படலாம். விலகுங்கள் என்பதுதான் அவருடைய ஆலோசனை. யாராக இருந்தாலும் அதைத்தான் சொல்வார்கள்.

ஞாயிறு காலை, பூசைக்குப் போக முன்னர், ஜெசிந்தாவை அழைத்தேன். அங்கே பின்னேரம். வாடி கழுவும் சத்தம் கேட்டது. நான் சொல்லி முடிக்கும்வரை கேட்டாள். யாரோ ஒரு பெண் பின்னால் நின்று, "முதலாளி என்னவாமக்கா, சம்பளம் கூட்டித் தாறாராமோ?" என்று கேட்க மற்றவர்கள் சிரித்தார்கள். ஜெசிந்தா சிரிக்கவில்லை. பங்கு கை மாறினால் வங்கி காணியைக் கேட்கும், காணியைக் கேட்டால் மரணச் சான்றிதழைக் கேட்கும் என்பது எங்கள் இருவருக்கும் தெரியும். அவள் வெளியே வந்து பேசினாள்.

"நீங்கள் அங்க இடைஞ்சல்படாதேங்கோ அண்ணா. நாளைக்கு நான் கச்சேரிக் கந்தோருக்குப் போறன். மரணச் சேட்டிபிக்கேற்றை எடுக்கிறன்."

வேண்டாம் பிள்ளை என்றேன்.

"எங்கட அரசாங்கம் இவ்வளவு காலமாக் கேட்டது, நான் குடுக்கேல்ல. இப்ப உங்கட அரசாங்கமும் கேக்குதாக்கும். உங்களுக்கெண்டபடியாக் குடுக்கிறன்."

குரலில் அழுகை இல்லை. நண்டு விலை சொல்வதைப்போலத்தான் சொன்னாள். அன்று நான் பூசைக்குப் போகவில்லை. எனக்கு இருந்த கோபத்தோடு கோவிலுக்குள் நுழைவது சரியில்லை. பதினாறு ஆண்டுக்கு மேலாக, படையும் கந்தோரும் வங்கியும் அவளிடமிருந்து பிடுங்க முடியாத ஒரு கையெழுத்தை, அவளையும் மச்சானையும் கண்ணால் கண்டிராத ஒரு சட்டம், என்னைக் கையாளாக வைத்துக்கொண்டு, ஒரு போன் கதையில் பிடுங்கப் பார்த்தது. திரும்பவும் அழைத்தேன். கச்சேரிக்குப் போகக்கூடாது, பங்கு என் பெயரிலேயே இருக்கும், வருடா வருடம் நான் எழுதிக் கொடுக்கிறேன் என்றேன்.

"கன செலவு வருமே அண்ணா?"

வரும் என்றேன். "அப்ப நான் போகேல்ல, நாளைக்கு வேலைக்குப் பிள்ளையளை வரச் சொல்லுறன்" என்றாள்.

கடிதத்தை நானே எழுதினேன். பெரிய வெள்ளிக்கு முதல் நாள் தபாலில் சேர்த்தேன். மச்சான் எந்தக் கரையிலிருந்து போனார், எந்தப் பாஸில் போனார், எந்தெந்தக் கந்தோர் என்ன பதில் சொன்னது எல்லாம் அதில் இருக்கிறது. அம்மணியின் பேனா தேடிய சொல்லுக்குப் பதிலாக ஒரு முழுப் பக்கம் எழுதினேன். 'காணவில்லை' என்பதைத் தவிர வேறு எதையும் அவரைப் பற்றி நான் எழுதவில்லை. இதுவரை பதில் இல்லை. அபராதம் வந்தாலும் வரலாம்.

போன கிழமை ஜெசிந்தா வாடியை வீடியோவில் காட்டினாள். நண்டு வாங்குகிறவர்கள் பரிசோதனைக்கு வந்தபோது, முதலாளிக்கு என்று ஓர் இடம் இருக்க வேண்டும் என்றார்களாம். மூலையில் ஒரு மேசையும் கதிரையும் போட்டு, என் பெயரை எழுதி ஒட்டியிருக்கிறாள். நான் ஒருநாளும் உட்கார்ந்து பார்த்திராத கதிரை. வேலை முடித்த பெண்கள் அதன் முதுகில் தங்கள் ஈர ஏப்ரன்களைக் குவித்திருந்தார்கள். "முதலாளியின்ர கதிரையைப் பாருங்கோ, வரியும் கட்டி எங்கட ஈரத்தையும் சுமக்குது" என்று ஒருத்தி சொல்ல, நானும் சிரித்தேன். அந்த மூலையில் இடம் போதவில்லை. ஏப்ரன் கொழுவ ஓர் ஆணியாவது அடிக்கக்கூடாதா என்று கேட்டேன். ஜெசிந்தா கைப்பேசியைச் சுவர்ப் பக்கம் திருப்பினாள். கதிரைக்கு நேர் மேலே ஓர் ஆணி இருந்தது. சுவாமி மந்திரித்த அன்றே அவள் அடித்தது. அதில் ஒன்றும் தொங்கவில்லை. மச்சான் கடலால் வந்தால் தொப்பியைக் கொழுவ அது.