பிடித்துக்கொள்ள ஏதாவது கொடும்

ஓவனில் தட்டுத் தட்டாக மக்ரூன் காய்ந்துகொண்டிருந்த மத்தியான வேளையில் அந்தப் போன் வந்தது. பேசியவர் தோணி முதலாளியின் ஆபீஸ் கணக்கப்பிள்ளை.

"எம்மா, ஜெரோம் வீட்டம்மாதான? பதறாதிய. காலைலேருந்து தோணியில வயர்லெஸ் பேச்சு இல்ல. காத்து வேற மாறி அடிக்கி. பொறுத்துப் பாப்போம், என்ன?"

பதறாதே என்று சொல்லிவிட்டு இப்படி ஒரு செய்தியைச் சொன்னால் யார்தான் பதறாமல் இருப்பார்கள்? அந்தத் தோணியில் என் வீட்டுக்காரர்தான் இன்ஜின் டிரைவர். வெங்காயமும் உருளைக்கிழங்கும் ஏற்றிக்கொண்டு மாலத்தீவுக்குப் போன பெரிய மரத்தோணி. என் மக்ரூன் சரக்கும் அதில்தான் போயிருந்தது. நான் தொடங்கிய தொழிலில் கடல் தாண்டிப் போன முதல் சரக்கு. முட்டைத் தட்டுகளுக்கு நடுவில் அப்படியே உட்கார்ந்துவிட்டேன்.

இது போன வருஷம் நவம்பர் கடைசியில் நடந்தது. நாலு பேர் முன்னால் நின்று பேச எனக்கு வராது. ஆனாலும் ஆண்டவர் செய்ததை வாய்க்குள்ளேயே வைத்துக்கொண்டிருந்தால் எனக்குச் செரிக்காது. அதனால் எழுதுகிறேன். என் பெயர் எஸ்தர். பிறந்தது நாசரேத்தில், வாழ்க்கைப்பட்டது தூத்துக்குடியில். வீட்டுக்காரர் கடற்கரைக் கத்தோலிக்கக் குடும்பம். அவர் ஜெபமாலை பிடித்து வளர்ந்தவர், நான் ஞாயிறு பள்ளியில் வசனம் ஒப்பித்து வளர்ந்தவள். எங்களுக்குள் அதனால் சண்டை வந்ததில்லை. சண்டைக்கு வேறு காரணங்கள் தாராளமாக இருந்தன.

கல்யாணத்துக்கு முன்பிருந்தே நான் டவுனில் ஒரு பேக்கரியில் பில் போட்டுக்கொண்டிருந்தேன். பகலெல்லாம் யாரோ ஒருவர் பெயர் அச்சடித்த டப்பாவில் மக்ரூன் அடைத்துக் கொடுப்பேன். அந்த டப்பாவில் என் பெயர் இருந்தால் எப்படி இருக்கும் என்று ஆசை வந்தது. வெளியில் சொல்லும்போது, "இவுக கடலுக்குப் போகாம இருக்கணும்னுதான் தொழில் தொடங்குதேன்" என்று சொல்வேன். அது பொய்யில்லை. ஆனால் முழு உண்மை, எனக்கு ஆசை இருந்தது. அதை ஆண்டவருக்கு மறைக்க முடியுமா?

வீட்டுக்குப் பின்னால் ஷெட் போட்டேன். ஓவன் வந்தது. உதவிக்கு இரண்டு பெண்கள் வந்தார்கள். நல்ல பேர் கிடைத்தது. கூடவே வீடு தலைகீழானது. விடியுமுன் எழுந்து முட்டை உடைக்க உட்காருவேன். மகள் ஷைனிக்குத் தலை பின்னிவிடுவது அவள் அப்பா வேலையாயிற்று. இன்ஜின் போல்ட்டு முறுக்குகிற கையால் அவர் பின்னிய சடையைப் பார்த்துப் பள்ளிக்கூடமே சிரித்தது. குடும்ப ஜெபம் மட்டும் விடவில்லை. ஆனால் அதுவும் எப்படி? ஓவன் மணி அடிப்பதற்குள் முடிய வேண்டுமென்று இருப்பதிலேயே குட்டி அதிகாரமாகப் பார்த்து வாசிப்போம். அதையே திரும்பத் திரும்ப வாசித்து ஷைனிக்கு மனப்பாடமாகிவிட்டது. நான் கண்ணை மூடி ஜெபிக்கும்போது, "எம்மா, சீக்கிரம் ஆமென் சொல்லு, கருகுத வாசம் வருது" என்பாள்.

கடல் பொங்குகிற மாதங்களில் தோணி ஓடாது. அப்போதெல்லாம் வீட்டுக்காரர் எனக்கு டெலிவரி பார்த்தார். பார்த்தாரே தவிர, முகம் மலரவில்லை. "கரையிலயே கெடந்தா எனக்குக் கால் அரிக்கி" என்பார். சீசன் தொடங்கியதும் தோணிக்குத் திரும்பிவிட்டார். அந்தச் சமயத்தில்தான் மாலத்தீவுத் தலைநகர் மாலியில் ஒரு கடைக்காரர் சரக்குக் கேட்டார். நான் துள்ளிக் குதித்தேன்.

அங்கேதான் சிக்கல். முட்டை வெள்ளையும் முந்திரியும் அடித்துச் சுடுகிற மக்ரூனுக்கு ஈரம் ஆகவே ஆகாது. கடல்காற்று பட்டால் போதும், நமத்துப்போய்ப் பல்லில் ஒட்டும். நான் அட்டைப்பெட்டி வேண்டாமென்று, ரப்பர் வளையமும் இரும்புப் பூட்டும் போட்ட நீல பிளாஸ்டிக் டிரம்களை வாங்கி அதில் அடைத்தேன். பழைய துறைமுகத்தில் சரக்கு இறங்கியதும் தோணியின் தண்டல் தொம்மை அண்ணன் தலையில் கையை வைத்துக்கொண்டார். தண்டல் என்றால் தோணிக்குக் கேப்டன் மாதிரி.

"ஏளா தங்கச்சி, இது சரக்கா, சம்பந்தி வீட்டுச் சீரா? தூக்குனா காத்து கணக்கா இருக்கு, எடம் மட்டும் யானைக்கு வேணும்போல. அட்டைப்பெட்டில போட்டா ஒரு மூலையில திணிச்சிருப்பேம்லா?"

"அண்ணே, நமத்துப்போனா உங்க தலையிலதான் கொட்டுவேன். மூடியில யாரும் கை வைக்கக் கூடாது" என்றேன். என் வாய் அப்படி.

அடியில் வைத்தால் வெங்காய மூட்டை நசுக்கிவிடும். அதனால் மேல்தட்டில் அடுக்கிக் கயிறு போட்டுக் கட்டினார்கள். நான் ஒவ்வொரு மூடியையும் தட்டிப் பார்த்தேன், பூட்டை இழுத்துப் பார்த்தேன். வீட்டுக்காரர் ஓரமாக நின்று பார்த்துக்கொண்டிருந்தார்.

எங்கள் வீட்டில் ஒரு வழக்கம் உண்டு. அவர் கடலுக்குப் போகும்போதெல்லாம் தலையைக் குனிவார், நான் கை வைத்து ஜெபித்து அனுப்புவேன். கல்யாணமான நாளிலிருந்து ஒரு தடவையும் தப்பியதில்லை. அன்றைக்கு அவர் வந்து தலையைக் குனிந்தார். சரியாக அந்த நேரம் முட்டைக்காரர் போனில் கூப்பிட்டார். மறுவாரக் கல்யாண ஆர்டருக்கு முட்டை இல்லை என்கிறார். நான் கையை நீட்டி, கொஞ்சம் பொறுங்க என்று சைகை காட்டினேன். அவர் பொறுத்தார். போன் முடியவில்லை. அவருக்கு முகம் கறுத்துவிட்டது.

"ஏளா, அந்த டிரம்முக்குக் குடுக்க மரியாதையில பாதி எனக்குக் குடுத்தா என்ன?" என்று கேட்டுவிட்டுத் தோணியில் ஏறிவிட்டார்.

"நான் யாருக்காகக் கெடந்து சாவுதேன்?" என்று நானும் கத்தினேன். தோணி நகர்ந்தது. அவர் திரும்பிப் பார்க்கவில்லை, நானும் கை காட்டவில்லை. ரோஷத்தில் நாங்கள் இருவருமே சளைத்தவர்கள் இல்லை.

இப்போது போன் வந்துவிட்டது. தோணியில் பேச்சு இல்லை.

அதே நாள் சாயங்காலம் அந்தக் கல்யாண வீட்டுக்குச் சரக்குப் போக வேண்டும். வேலைக்கு வந்த பெண்கள், "அக்கா, அடுத்த தட்டை வைக்கவா, வேண்டாமா?" என்று கேட்கிறார்கள். வீட்டுக்காரரின் தங்கச்சி ரெஜினா செய்தி கேட்டு ஜெபமாலையும் கையுமாக ஓடி வந்தாள். என்னைப் பார்த்ததும் அவள் அழவில்லை. நேரே போய் ஓவன் சூட்டைக் குறைத்தாள். "நீங்க கல்யாண சரக்கப் பாருங்க" என்று அந்தப் பெண்களிடம் சொல்லிவிட்டு என்னைக் கைப்பிடித்து உள்ளே கூட்டிப் போனாள்.

முழங்கால் போட்டோம். அவள் மாதாவைக் கூப்பிட்டாள், நான் இயேசப்பாவைக் கூப்பிட்டேன். எனக்கு ஜெபம் வரவில்லை. அழுகைதான் வந்தது. பிறகு வாயில் வந்ததைச் சொல்லத் தொடங்கினேன். "ஆண்டவரே, அவுகளக் கொண்டுவந்திரும். இந்தத் தொழிலே எனக்கு வேண்டாம். ஓவன வித்திருதேன், ஷெட்டப் பிரிச்சிருதேன்..."

ரெஜினா என் வாயைப் பொத்தினாள். சத்தியமாகப் பொத்தினாள்.

"மைனி, அப்படி நேர்ச்சை நேராதிய. ஒண்ணக் குடுத்தா ஒண்ணத் தாரேன்னு சொல்ல ஆண்டவர் என்ன கந்துவட்டிக்காரரா? அண்ணனுக்கு என்ன வேணுமோ அதக் கேளுங்க."

அண்ணனுக்கு என்ன வேண்டும்? கரையில் நிற்கிற எனக்கு என்ன தெரியும்? நீட்டிய என் கைதான் கண்முன் வந்தது. பொறுங்க என்று சொன்ன கை, தலையைத் தொடாத கை. அப்போது என் வாயிலிருந்து வந்தது இதுதான்: "ஆண்டவரே, நான் அவுக தலையில கை வைக்கல. அவுக கைக்காவது பிடிச்சிக்கிட ஏதாவது குடும். ஏதாவது குடும்." ஏன் அப்படிக் கேட்டேன் என்று எனக்கே தெரியாது. அதையே திரும்பத் திரும்பச் சொன்னேன். வேறு ஜெபம் எனக்குக் கிடைக்கவில்லை.

சாயங்காலம் ஷைனி பள்ளிக்கூடம் விட்டு வந்தாள். அவளிடம் மறைக்க முடியுமா? தெருவே வாசலில் நின்றது. "அப்பா வருவாகல்லாம்மா?" என்று கேட்டாள். வருவார் என்று சொல்லவும் பயம், சொல்லாமல் இருக்கவும் பயம். ஜெப நேரத்தில் வேதத்தை எடுத்து வைத்துக்கொண்டு, பழக்க தோஷத்தில், "எம்மா, அந்தக் குட்டியா உள்ளத வாசிக்கவா?" என்று கேட்டாள். "இல்ல மக்ளே, உனக்கு வாய் வலிக்குத மட்டும் வாசி" என்றேன். பிள்ளை வாசித்துக்கொண்டே இருந்தாள். அன்றைக்கு எங்கள் வீட்டில் எந்த மணியும் அடிக்கவில்லை.

மறுநாள் காலையில் தோணி ஆபீசுக்குப் போனோம். மற்றப் பெண்களும் வந்திருந்தார்கள். தொம்மை அண்ணன் மனைவி தரையில் கால் நீட்டி உட்கார்ந்து சுவரையே பார்த்துக்கொண்டிருந்தார். கணக்கப்பிள்ளை போனை எடுக்கும்போதெல்லாம் எல்லோரும் எழுந்து நிற்போம், அவர் கையை அசைப்பார், உட்காருவோம். வெயில் ஏறியது. ஒரு போன் வந்தது. அவர் நெடுநேரம் "ம், ம்" என்று கேட்டார். பிறகு மேஜையில் தலையைக் கவிழ்த்துக்கொண்டார். முடிந்தது என்றே நினைத்தேன். ரெஜினா என் சேலையைப் பிடித்துக்கொண்டாள்.

அவர் தலையை நிமிர்த்தினார். முகமெல்லாம் கண்ணீர். "தோணி போச்சு. ஆளு அம்புட்டுப் பேரும் இருக்காவ. நம்ம ஹார்பருக்கு வார சரக்குக் கப்பல்ல ஏத்திட்டாவளாம்" என்றார்.

என்ன சத்தம் போட்டோம், யாரைக் கட்டிப்பிடித்தோம், ஒன்றும் ஞாபகமில்லை.

அன்றைக்குச் சாயங்காலம் துறைமுக கேட் வாசலில் காத்து நின்றோம். ஒருவர் பின் ஒருவராக வெளியே வந்தார்கள். உதடு வெடித்து, கண் சிவந்து, யாரோ கொடுத்த சட்டையில் என் வீட்டுக்காரர் வந்தார். இடுப்பில் ஒரு நீல டிரம்மைப் பிள்ளையை வைத்திருப்பதுபோல இடுக்கியிருந்தார்.

"ஏளா எஸ்தரு" என்றார். தொண்டை கட்டியிருந்தது. "மூடியில யாரும் கை வைக்கல."

அவர் சொல்லித்தான் தெரிந்தது. போன் வந்த நாள் காலையிலேயே அலை ஏறி வயர்லெஸ் பேட்டரி நனைந்துவிட்டது. மத்தியானம் அடிப்பலகை விட்டுத் தண்ணீர் உள்ளே ஏறியது. பம்பு போட்டும் ஈடுகொடுக்க முடியவில்லை. தோணியோடு இருந்த சின்னப் படகை அலை கவிழ்த்துவிட்டது, இருந்த மிதவைகளைக் காற்று அடித்துக்கொண்டு போய்விட்டது. தோணி சாயும்போது தொம்மை அண்ணன்தான் கத்தினாராம்: "ஏலே, அந்தச் சம்பந்திச் சீரப் பிடிங்கலே!" மேல்தட்டில் கட்டியிருந்த டிரம்கள் ஒன்றுகூட அமிழவில்லை. உள்ளே இருந்தது பாதிக்கு மேல் காற்றுதானே! கயிற்றோடு கயிறாகச் சேர்த்துக் கட்டி ஆளுக்கொன்றைப் பிடித்துக்கொண்டு விடியும்வரை மிதந்திருக்கிறார்கள். விடிந்ததும் அந்த நீல நிறம் தெரிந்துதான் அந்த வழியாக வந்த சரக்குக் கப்பல்காரர்கள் இவர்கள் பக்கம் கப்பலைத் திருப்பியிருக்கிறார்கள்.

நான் முழங்காலில் நின்று "பிடிச்சிக்கிட ஏதாவது குடும்" என்று கேட்ட அதே மத்தியானம் அது.

கேட் வாசலில், அத்தனை பேர் பார்க்க, "ஏங்க, தலையக் குனிங்க" என்றேன். குனிந்தார். உப்புப் பூத்த தலைமுடியில் கை வைத்தேன். ஒரு வார்த்தைகூட ஜெபிக்க முடியவில்லை. தேம்பித் தேம்பி அழுதேன். "டிரம்முக்குக் குடுத்த மரியாதை வீண்போகலைளா" என்றார் அவர். அழுகைக்கு நடுவில் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

வீட்டுக்கு வந்து அந்த டிரம்மின் பூட்டைத் திறந்தோம். ஒரு மக்ரூனை எடுத்து ஷைனி கடித்தாள். மொறுமொறுவென்று சத்தம் கேட்டது.

அதற்குப் பிறகு எல்லாம் மாறிவிட்டது என்று சொன்னால் ரெஜினா சிரிப்பாள். இன்றைக்கும் நேரம் போதவில்லை, இன்றைக்கும் சண்டை உண்டு. ஆனால் ஜெபத்துக்கு உட்காருமுன் ஓவனை அணைத்துவிடுவேன். ஞாயிற்றுக்கிழமை ஷெட் திறப்பதில்லை. ஷைனி வேண்டுமென்றே நீளமான அதிகாரமாகத் தேடி வாசிக்கிறாள், அவள் அப்பா கொட்டாவி விடுகிறார். மாலிக்கு மறுபடியும் சரக்குப் போகிறது. தொம்மை அண்ணன் இப்போது வேறு தோணியில் தண்டல். "தங்கச்சி, உன் டிரம்மு ஏறாம நான் நங்கூரம் எடுக்க மாட்டேன்" என்கிறார்.

தொழில் தொடங்கிவிட்டு வீட்டையும் பார்க்க முடியாமல், இரண்டுக்கும் நடுவில் கிடந்து தவிக்கிற என் சகோதரிகளே, சகோதரர்களே, ஒன்றை விட்டால்தான் இன்னொன்று என்று ஆண்டவரிடம் பேரம் பேசாதீர்கள். உங்கள் ஆசையை அவருக்கு மறைக்கவும் வேண்டாம். அதையும் அவர் கையில் கொடுங்கள், அதை எதற்கு எடுப்பார் என்று அவருக்குத் தெரியும். என் பெயர் போட்ட டப்பாவுக்கு நான் ஆசைப்பட்டேன். அந்த ஆசையை அவர் நடுக்கடலில் மிதக்கவிட்டார். நான் கை வைக்காமல் அனுப்பிய தலையை, அதில் பூத்த உப்பு உதிருமுன் என் கைக்குக் கீழே கொண்டுவந்து கொடுத்தார்.