இதை யார் இங்கே வைத்தது?

என் அக்கா வீட்டுக்காரர் கண்ணாடிக்கடை வைத்திருக்கிறார். முகம் பார்க்கிற கண்ணாடி இல்லை, மூக்கில் மாட்டுகிற கண்ணாடி. எனக்கு அவர் அத்தான். தெருவில் முதுகுக்குப் பின்னால் அவருக்குத் துரை என்று பெயர். அவருடைய அப்பாவையும் அப்படித்தான் சொன்னார்களாம். நாம் நேர் எதிரே வந்தால் அந்த வீட்டு ஆட்கள் வாய் நிறையச் சிரிப்பார்கள். பக்கத்தில் நின்று வணக்கம் சொன்னால் திரும்பிக்கூடப் பார்க்க மாட்டார்கள். அந்தக் குடும்பத்துக்கே தலைக்கனம் என்று ஊர் கூடித் தீர்ப்புச் சொல்லியிருந்தது. நானும் அந்தக் கட்சிதான்.

எனக்குக் காரணமும் இருந்தது. ஒருநாள் நல்ல மழை, பேருந்து நிறுத்தத்தில் தொப்பலாக நனைந்துகொண்டு நிற்கிறேன். அத்தான் ஸ்கூட்டரில் வருகிறார். இரண்டு கையையும் ஆட்டினேன். மனிதர் என் புடவையை உரசாத குறையாகப் போனாரே தவிர, ஒரு பார்வை பார்க்க வேண்டுமே! அன்றிலிருந்து மூன்று மாதம் அவரோடு நான் பேசவில்லை. நான் பேசாததை அவர் கவனித்த மாதிரியும் தெரியவில்லை. அதுதான் இன்னும் எரிச்சலாக இருந்தது.

அந்த வீட்டில் தினம் ஏதாவது ஒன்று விழும். மேசை ஓரத்து டம்ளர் உருளும், கதவு நிலையில் தோள் இடிக்கும், முக்காலி காலைப் பதம் பார்க்கும். ஆனால் "நான் இடிச்சுக்கிட்டேன்" என்று ஒருவரும் சொன்னதில்லை. "இத யாரு இங்க வச்சது?" என்றுதான் கேட்பார்கள். உயிரோடு இருந்தவரை அத்தானின் அப்பா கேட்டார், துணி தைக்கிற அத்தானின் அக்கா கேட்பார், அத்தான் கேட்பார். கல்லூரிக்குப் போகிற மகளும் இப்போது அதே ராகத்தில் கேட்க ஆரம்பித்திருந்தாள். பரம்பரைச் சொத்து என்று நாங்கள் விழுந்து விழுந்து சிரிப்போம்.

கண் விஷயத்தில் அத்தானிடம் யாரும் வாயைத் திறக்க முடியாது. கடைச் சுவரில் தொங்குகிற எழுத்து அட்டை அவருக்குத் தலைகீழ்ப் பாடம். யாராவது, "உங்க கண்ணையும் ஒரு தடவ காட்டலாமே" என்றால் போதும், எட்டிப் போய் நின்று கடைசி வரியைக் கடகடவென்று ஒப்பிப்பார்.

அப்படிப்பட்டவருக்கு ஒருநாள் அவருடைய அக்காவிடமிருந்து போன் வந்தது. கண்புரை பார்க்கப் போன இடத்தில் டாக்டர் வேறொன்றைக் கண்டுபிடித்துவிட்டார். கண் அழுத்த நோய்.

"டேய், இது குடும்பத்துல வருமாம். கூடப் பொறந்தவங்க, பிள்ளைங்க எல்லாரும் வந்து பாக்கணுமாம். நீயும் வரணும், பாப்பாவையும் கூட்டிட்டு வரணும்."

"கடைசி வரி படிக்கிறவனுக்கு என்னக்கா நோய்?"

"உன் கடைசி வரிய நீயே வச்சுக்க. வர்றியா, நான் வந்து இழுத்துட்டுப் போகவா?"

மகளுக்காகத்தான் வருவதாகச் சொல்லிக் கிளம்பினார். கடைக் கதவில் 'இன்று விடுமுறை' என்று மட்டும் எழுதினார். "கண் டாக்டர்கிட்ட போறேன்னு எழுதினா அப்புறம் எவன் என்கிட்ட கண்ணாடி வாங்குவான்?" அப்பாவும் மகளும் ஸ்கூட்டரில் போனார்கள். நான் வேடிக்கை பார்க்கப் பேருந்தில் போனேன்.

ஆஸ்பத்திரியில் அட்டையைக் காட்டியதும் அத்தானுக்குக் கொண்டாட்டம். மேலிருந்து கீழே படித்து, கேட்காமலேயே கீழிருந்து மேலேயும் படித்தார். "ஒரு தடவ போதும் சார்" என்றாள் பரிசோதனை செய்த பெண். பிறகு ஒரு வெள்ளைக் கிண்ணம் மாதிரியான பெரிய கருவி முன்னால் அவரை உட்கார வைத்து, ஒரு கண்ணை மூடி, கையில் ஒரு பொத்தானைக் கொடுத்தாள். நடுப்புள்ளியை மட்டும் பார்க்க வேண்டும். எந்த மூலையில் வெளிச்சம் மின்னினாலும் பொத்தானை அமுக்க வேண்டும்.

வலது கண்ணுக்கு டிக், டிக் என்று விட்டு விட்டுக் கேட்டது. இடது கண்ணுக்கு ஆரம்பத்தில் நாலைந்து டிக். அப்புறம் ஒன்றுமில்லை. அத்தான் பொறுத்துப் பார்த்தார்.

"ஏம்மா, மெஷின் நின்னு போச்சு பாரு. எவ்வளவு நேரம் சும்மா உக்காந்திருக்கறது?"

"நிக்கல சார். வெளிச்சம் வந்துகிட்டேதான் இருக்கு."

கிண்டல் செய்யவே போயிருந்த நான் எழுந்து அவர் பக்கத்தில் போய் நின்றேன்.

டாக்டர் பொறுமையாகச் சொன்னார். கண்ணுக்குள் அழுத்தம் ஏறிப் பார்வை நரம்பைச் சாகடிக்கிற நோயாம். ஓரத்திலிருந்து பார்வை போகும், நடுப்பார்வை கடைசிவரை நிற்கும். எழுத்து அட்டையில் இது மாட்டவே மாட்டாது.

"போனது திரும்ப வராது. மிச்சத்தக் காப்பாத்தலாம். சொட்டு மருந்து, ஒரு நாள் விடாம போடணும். வண்டி ஓட்டக் கூடாது."

அத்தான் தன்னைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை. "எங்க அப்பாவுக்கும் இதுவாத்தான் இருந்திருக்குமா?" என்றார்.

"பாக்காம உறுதியா சொல்ல முடியாது. இருந்திருக்கலாம்."

"அவருக்கு ஏழு கண்ணாடி போட்டுக் குடுத்தேன் டாக்டர். ஒவ்வொரு தடவையும் பவர மாத்தி மாத்தி நானே போட்டேன். 'இப்ப நல்லா இருக்குப்பா'ன்னுதான் சொன்னாரு. சுவரப் பிடிச்சுக்கிட்டு நடந்தப்பக்கூட அப்படியேதான் சொன்னாரு."

எனக்கு அழுகை வந்துவிட்டது.

அடுத்தது மகள். அறைக்கதவைச் சாத்திவிட்டார்கள். வெளியே பெஞ்சில் அத்தான் கதவை ஒட்டி உட்கார்ந்தார். போன வாரம்கூட அவள் டம்ளரைத் தட்டிவிட்டு, "இத யாரு இங்க வச்சது?" என்று கேட்டது என் காதிலேயே நின்றது. இனி அந்தக் கேள்விக்குச் சிரிக்க முடியாது என்று பயந்தேன்.

உள்ளே டிக் என்றது. மறுபடி டிக். ஒவ்வொரு டிக்குக்கும் அத்தானின் கட்டைவிரல் அவருடைய முழங்காலை அமுக்கியது. நடுவில் சத்தம் நின்றபோது அந்த விரலும் அப்படியே நின்றது. அடுத்த கண்ணுக்கு மாற்றுகிறார்கள் போலிருக்கிறது, மறுபடி ஆரம்பித்தது.

வெளியே வந்தவள் கையை உதறினாள். "கை வலிக்குது சித்தி. விடாம அமுக்க விட்டுட்டாங்க."

அத்தான் அந்தக் கையை வாங்கிப் பிடித்துக்கொண்டார், கொஞ்ச நேரம் விடவில்லை. நரம்பு சுத்தமாக இருக்கிறது, வருஷா வருஷம் வந்து காட்டினால் போதும் என்றார் டாக்டர். அப்படியானால் அந்த டம்ளர்? அது வெறும் அவசரக் குடுக்கைத்தனம். அதற்கு மருந்து கிடையாது.

வாசலில் அத்தான் ஸ்கூட்டர் சாவியை மகளிடம் நீட்டினார். அந்தச் சாவியை அதுவரை அவர் யாரிடமும் கொடுத்ததில்லை. மழையில் நின்ற கதையையும் மூன்று மாதம் பேசாமல் இருந்ததையும் அப்போதுதான் அவரிடம் சொன்னேன்.

"ஓ, அதுதானா?" என்றார். "வீடு ஏன் அவ்வளவு அமைதியா இருக்குன்னு அப்பவே யோசிச்சேன்."

பேருந்து நிறுத்தத்துக்கு வந்து நின்றேன். ஸ்கூட்டர் என்னைத் தாண்டியபோது கையை ஆட்டினேன். "அப்பா, சித்தி!" என்று அவள் கத்தினாள். பின்னால் உட்கார்ந்திருந்த துரை, உடம்போடு முழுசாகத் திரும்பி, நான் இருக்கும் இடத்தைத் தேடிப் பிடித்து, இரண்டு கையையும் ஆட்டினார்.