பாவாயி கொடுத்த கயிறு

களத்தில் தார்ப்பாயை விரித்துப் பாவாயி மிளகுச் சரங்களை மிதித்துக்கொண்டிருந்தாள். அந்த வீட்டில் இந்த வேலைக்கு அவளை விட்டால் ஆள் கிடையாது. புருஷன் அர்த்தனாரி மிதித்தால் பாதி மணி நசுங்கிப் போகும். மகள் சத்யாவை இறக்கிவிட்டால் பாட்டும் ஆட்டமுமாகப் பாதி மிளகு வாசலுக்கு ஓடிவிடும். எவ்வளவு அழுத்தினால் மணி காம்பை விட்டு வரும் என்பது பாவாயியின் பாதத்துக்குத்தான் தெரியும்.

மேட்டில் பைக் சத்தம் கேட்டது. பள்ளிக்கூடத்து விளையாட்டு சார் பூபதி வண்டியை நிறுத்திவிட்டு இறங்கி வந்தார்.

“ஏனுங்க, சனிக்கிழமை பள்ளிக்கூடத்துக்கு வந்துட்டுப் போகணுமுங்க. சத்யா பயத்துக்கு நாமக்கல்லுல இருந்து ஒரு மேடம் வாராங்க. ஹிப்னோதெரபி செய்வாங்க. பெத்தவங்க யாராவது கூட இருக்கோணும்னு சொல்லிட்டாங்க.”

பாவாயி மிதிப்பதை நிறுத்தவில்லை. “அதென்னங்க சார், ஊசியா?”

“ஊசியும் இல்ல, மாத்திரையும் இல்லீங்க. பேச்சுதான். கண்ணை மூடச் சொல்லிப் பேசிப் பேசியே மனசுக்குள்ள இருக்கிற முடிச்சை அவுத்து விடுவாங்க.”

பிக்கப் வண்டியில் மூட்டை அடுக்கிக்கொண்டிருந்த அர்த்தனாரி அங்கிருந்தே குரல் கொடுத்தான். “பேசியே மயக்கறதா? அதுக்கு எதுக்கு சார் நாமக்கல்லுல இருந்து ஆளு? இவ பேசுனா நான் தினமும்தான் மயங்கிப் போறேன்.”

“நீங்க மூட்டையைப் பாருங்க,” என்றாள் பாவாயி. ஆனால் முடிச்சு என்ற சொல் அவள் காதை விட்டுப் போகவில்லை.

பாவாயி அதே மலையில் குண்டனி நாடு என்கிற ஊர்த்தொகுதியில் பிறந்து, வாழவந்தி நாட்டுக்கு வாக்கப்பட்டவள். மாமனார் பிரித்துக் கொடுத்த காட்டில் சில்வர் ஓக் மரங்கள் பனை உயரத்துக்கு நின்றன. ஒவ்வொன்றிலும் மிளகுக் கொடி. அர்த்தனாரிக்கு உயரம் ஆகாது. மூங்கில் ஏணியில் இரண்டு கணு ஏறினாலே கால் தந்தி அடிக்கும். அதனால் கல்யாணமான முதல் தை மாதமே புதுப்பெண் புடவையை வரிந்து கட்டிக்கொண்டு கணுக்களே படிகளான அந்த ஒற்றை மூங்கில் ஏணியில் ஏறினாள். ஊரே பார்த்தது. அன்றிலிருந்து இடுப்பில் பை, வாயில் வெற்றிலை, உச்சியில் பாவாயி. கீழே ஏணியைப் பிடிக்கிற வேலை புருஷனுக்கு. சத்யா பிறந்து வளர்ந்த பிறகு மகளுக்கு.

இப்படிப்பட்டவளுக்கே மகள் ஆடுகிற ஆட்டத்தைப் பார்க்கப் பயம். சியர்லீடிங் என்று பெயர். பாட்டுக்குக் குதித்து, கரணம் போட்டு, ஆள் மேல் ஆள் ஏறி நிற்கிற ஆட்டம். பூபதி சார் சேலத்தில் பார்த்துவிட்டு வந்து மலைப்பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுத்தார். அதில் உச்சக்கட்டம் ஒன்று உண்டு. நான்கு பேர் உள்ளங்கையில் ஒருத்தியை ஏற்றி மேலே வீசுவார்கள். அவள் அந்தரத்தில் பின்பக்கமாக ஒரு கரணம் அடித்து அவர்கள் கையிலேயே வந்து விழ வேண்டும். வீசப்படுகிறவள் சத்யா.

“மரத்து மேல நீ ஏறலையா?” என்று சத்யா கேட்பாள்.

“மரம் எடம் மாறாம நிக்குது. புள்ளைங்க கை அப்படியா? ஒருத்திக்குத் தும்மல் வந்தா என்ன பண்ணுவ?”

தும்மல் வரவில்லை, மழை வந்தது. கார்த்திகையில் ஈர விரிப்பின் மேல் பயிற்சி செய்யும்போது தூக்குகிற நால்வரில் ஒருத்தியான கௌசிகாவின் கை வழுக்கி, சத்யா முதுகு அடிபட விழுந்தாள். எலும்புக்கு ஒன்றுமில்லை என்று டாக்டர் சொல்லிவிட்டார். மணிக்கட்டு வீக்கமும் வடிந்துவிட்டது. ஆனால் பாவாயி விடவில்லை. பயந்த பிள்ளைக்கு மந்திரித்துக் கயிறு கட்டுவது வழக்கம். ஊர்க்கோயில் பூசாரி சின்னுசாமி அவளுக்குச் சித்தப்பா முறை. “ஒரு நூல் கயிறு கொண்டா,” என்றார் அவர். சத்யாவின் கணுக்காலில் கட்டி, திருநீறு பூசி, வழக்கம்போல ஒரு பத்தியமும் சொன்னார்: கயிறு தானாக அற்று விழும் வரைக்கும் பிள்ளை அந்தரத்தில் போகக் கூடாது. நூல் கயிறு என்றால் தண்ணீரில் நனைந்து, வெயிலில் காய்ந்து, ஒரு மாதத்தில் இற்று விழுந்துவிடும். பிள்ளைக்கும் அதற்குள் பயம் தெளிந்துவிடும்.

பாவாயி கொடுத்ததோ, மிளகுக் கொடியை மரத்தோடு சேர்த்துக் கட்டுகிற பச்சை நைலான் கயிறு. மடியிலிருந்து ஒரு முழம் அறுத்து, மஞ்சளைக் குழைத்து மொத்தமாகப் பூசிக் கையில் வைத்தாள். சின்னுசாமிக்குக் கண் பார்வை மட்டு. அந்தக் கயிற்றைப் பற்றி அவளை விடத் தெரிந்தவர் யார்? மாமனார் காலத்தில் கட்டியது இன்னும் மரப்பட்டைக்குள் புதைந்து கிடக்கிறது. மரம் சாய்ந்தாலும் சாயும், கயிறு அறாது. கடைக்குப் போக நேரமில்லை என்று அன்றைக்குத் தனக்குத்தானே ஒரு சமாதானம் சொல்லிக்கொண்டாள்.

அதற்குப் பிறகு சத்யா மைதானத்துக்குப் போனாள், ஆடினாள், கரணம்கூடத் தரையில் போட்டாள். வீசுகிற நேரம் வந்தால் மட்டும் முழங்கால் இறுகிவிடும். தூக்குகிறவர்களின் தலைமுடியைக் கொத்தாகப் பிடித்துக்கொள்வாள். கௌசிகா, “ஏ புள்ள, இன்னும் ரெண்டு நாள் இப்படிப் புடிச்சீன்னா எனக்கு மொட்டைதான், பழனிக்கே போக வேண்டாம்,” என்று சொல்லி எல்லோரையும் சிரிக்க வைத்தாள். சத்யா மட்டும் வீட்டுக்கு வந்து தலையணையில் முகத்தைப் புதைத்துக்கொள்வாள். மாசி மாதம் சேலத்தில் போட்டி. அதற்கு முன் அவள் பறக்காவிட்டால் வேறொருத்தியை ஏற்ற வேண்டியதுதான் என்று பூபதி சார் சொல்லிவிட்டார். பாவாயி அந்தச் சேதியைக் கேட்டு வருத்தப்பட்டாள். வருத்தத்துக்கு அடியில் கொஞ்சம் நிம்மதியும் இருந்தது.

சனிக்கிழமை வந்த கவிதா மேடம் பஸ்ஸை விட்டு இறங்கும்போதே முகம் வெளுத்திருந்தாள். கொண்டை ஊசி வளைவுகள் அவள் வயிற்றைக் கவிழ்த்துவிட்டிருந்தன. பாவாயி மடியில் இருந்த எலுமிச்சம்பழத்தைக் கிள்ளி அவள் மூக்கருகே நீட்டினாள். வைத்தியம் பார்க்க வந்தவளுக்கே வைத்தியம் ஆயிற்றே என்று உள்ளுக்குள் சிரிப்பு வந்தது.

விளையாட்டுச் சாமான் அறையில் விரிப்பைப் போட்டு சத்யாவைச் சாய வைத்தார்கள். பாவாயிக்கு ஒரு பிளாஸ்டிக் நாற்காலி. பூபதி சார் கதவோரம் நின்றார்.

“தூங்க வைக்கப் போறேன்னு பயப்படாதீங்கம்மா,” என்றாள் கவிதா. “சத்யாவுக்கு எல்லாமே காதுல விழும். வேண்டாம்னு தோணுனா அவளே கண்ணைத் திறந்துக்கலாம். உடம்பு இளகுனா மனசு ஒரே இடத்துல நிக்கும், அவ்வளவுதான்.” பிறகு குரலைத் தழைத்துக்கொண்டாள். “கண்ணை மூடு சத்யா. ஒரு மாடிப்படியில நிக்கிறே. மெதுவா ஒவ்வொரு படியா கீழ இறங்குறே...”

சற்று நேரத்தில் சத்யாவின் முகம் சுளித்தது. “மேடம், எங்க ஊட்டுல மாடி இல்லீங்க. கீழ எறங்குறதுன்னா எனக்கு மலைரோடுதான் வருது. வளைவு வளைவா வருதுங்க. கொமட்டுது.”

“ஐயோ, அந்த ரோடு வேண்டாம்!” என்று கவிதா தன் வாயைப் பொத்திக்கொண்டாள். “எனக்கும் வந்துரும். சரி, நாம இறங்கவே வேண்டாம், ஏறலாம். நீ ஏறுறதுன்னா எதுல ஏறுவே?”

“மிளகு ஏணியிலங்க.”

“அப்ப ஏணியடியில நில்லு. கையில மூங்கில் வழுவழுன்னு இருக்கு. மேல எல வழியா வெயில் விழுது. ஒரு கணு ஏறு. தோள் இளகுது. இன்னொரு கணு...”

ஏணி என்றதும் பாவாயியின் உடம்பு தானாக ஏறத் தொடங்கிவிட்டது. விடிகாலையிலிருந்து மிளகு மிதித்த கால். மூன்றாவது கணுவுக்கு மேல் அவளுக்கு எதுவும் தெரியவில்லை. தலை தொங்கி, வாய் திறந்து, அறையே அதிரக் குறட்டை கிளம்பியது. எழுப்பப் போன பூபதி சாரைக் கவிதா கை காட்டி நிறுத்தினாள்.

பாவாயி விழித்தபோது மகள் கண்ணை மூடியபடியே பேசிக்கொண்டிருந்தாள்.

“தூக்கறாங்க. கௌசிகா காலைப் புடிக்கிறா.”

“பயம் உடம்புல முதல்ல எங்க வருது?”

“கணுக்கால்லங்க. அவ புடிச்சா முடிச்சு அழுத்துது.”

“என்ன முடிச்சு?”

“கயிறுங்க. அது தானா அத்து விழுற வரைக்கும் நான் அந்தரத்துல போகக் கூடாது. சாமி சொல்லு. மீறுனா மறுபடி விழுவேன். நானும் தினமும் பாக்குறேன், அது நைஞ்சு போகவே மாட்டேங்குது.”

கவிதா மெதுவாக அவளைக் கண் திறக்கச் சொல்லி, சாக்ஸை இறக்கிப் பார்த்தாள். மஞ்சள் எல்லாம் போய்ப் பச்சை பளபளத்தது.

“இது நைலான் ஆச்சே!” என்றார் பூபதி சார். “இது அத்து விழுறதுக்குள்ள இவளுக்குப் பேத்தியே பொறந்துருமுங்களே!” அவருக்குச் சிரிப்பு அடங்கவில்லை. சத்யா சிரிக்கவில்லை. அம்மாவையே பார்த்தாள். பாவாயி நாற்காலியின் கைப்பிடியில் இல்லாத அழுக்கைச் சுரண்டினாள்.

“உங்க நம்பிக்கையில நான் கை வைக்க மாட்டேன்மா,” என்றாள் கவிதா. “ஆனா இதை வச்சுக்கிட்டு நான் எத்தனை வாட்டி ஏணி ஏத்துனாலும் பிள்ளை கால் கீழயேதான் இருக்கும். என்ன செய்யறதுன்னு நீங்க சொல்லுங்க.”

பாவாயி அங்கே தப்பித்திருக்கலாம். சாமி குத்தமாகிவிடும் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், எதிர்த்துப் பேச ஆள் இல்லை. பிள்ளை தரையில் பத்திரமாக இருப்பாள். பாவாயி மகளின் முகத்தைப் பார்த்தாள். கண்ணீரெல்லாம் இல்லை. கடையில் மிட்டாய் கேட்டு, கிடைக்காது என்று தெரிந்த பிறகும் நகராமல் நிற்கிற குழந்தையின் முகம். பாவாயி போனை எடுத்தாள்.

“ஏனுங்க சித்தப்பா, சத்யா காலுல கட்டுன கயிறு நைலானுங்க.”

எதிர்முனைச் சத்தம் அறை முழுக்கக் கேட்டது. “என்னது, நைலானா? எந்தக் கூறுகெட்டவ குடுத்தா?”

“நான்தானுங்க.”

“நூலுன்னு தலையில அடிச்சுச் சொன்னேனே! சாமிகிட்டயே போங்காட்டம் ஆடிப்புட்டியே! குடுத்தவ கையாலயே அறுத்துப் போடு. கோயில்ல ஒரு தேங்காய் ஒடச்சுரு. பழி என் மேல வராது, சொல்லிப்புட்டேன்!”

கத்திரிக்கோலுக்கு அந்தக் கயிறு மசியவில்லை. கடைசியில் பாவாயி இடுப்புப் பையிலிருந்து கொடி அறுக்கிற வளைந்த கத்தியை எடுத்து, விரலைத் தோலுக்கும் கயிற்றுக்கும் நடுவில் கொடுத்து அறுத்தாள். கணுக்காலில் வெள்ளையாக ஒரு வளையம் மிஞ்சியிருந்தது. அதைக் கட்டைவிரலால் தேய்த்துவிட்டாள்.

கயிறு போனதும் பயமும் அன்றைக்கே பறந்துவிடவில்லை. மறுநாளும் கௌசிகாவின் முடி தப்பவில்லை. கவிதா எலுமிச்சம்பழமும் கையுமாக அடுத்தடுத்த சனிக்கிழமைகளில் வந்தாள். சத்யா கண்ணை மூடி மனசுக்குள் ஏணியேறினாள். உச்சியில் நின்று, கையை விட்டு, பின்பக்கம் சாய்ந்து, நான்கு பேர் கையில் வந்து விழுவதை முதலில் மெதுவாக, பிறகு வேகமாகப் பார்த்தாள். மைதானத்தில் பூபதி சார் முதலில் இடுப்பு உயரத்துக்குத்தான் வீசச் சொன்னார். பாவாயி அந்த நாற்காலியில் ஒரு சனிக்கிழமையும் மூன்றாவது கணுவைத் தாண்டியதில்லை. “கல்யாணத்துக்கு அப்புறம் இப்படித் தூங்குனதே இல்லீங்க. எனக்குத் தனியா ஃபீஸு கேட்டுராதீங்க,” என்று கவிதாவிடம் சொன்னாள்.

ஆட்களைத் தேர்வு செய்கிற நாளில் அவள் மிளகுப் பையோடே மைதானத்து ஓரம் வந்து நின்றாள். பக்கத்தில் அர்த்தனாரி, வீசுவதற்கு முன்பே கண்ணை மூடிக்கொண்டான். பாவாயி மூடவில்லை. நான்கு ஜோடிக் கை எழும்பியது. மகள் எழும்பினாள். முழங்கால் மடங்கியது, வானத்தில் ஒரு சுற்று, ரெட்டைச் சடை ஒரு வட்டம். கௌசிகாவின் கை வழுக்கவில்லை.

“ஆச்சா? ஆச்சா?” என்றான் அர்த்தனாரி.

“ஆச்சு. கண்ணைத் தொறங்க, பயந்தாங்கொள்ளி.”

அன்று சாயங்காலம் சமையலறையில் பாவாயி மரவள்ளிக் கிழங்கைத் தோலுரித்துக்கொண்டிருந்தாள். சத்யா அம்மியின் மேல் உட்கார்ந்து, வெந்த கிழங்கை ஊதி ஊதித் தின்றபடி ஒவ்வொருத்தியும் என்ன சொன்னாள் என்று கதை அளந்தாள். கௌசிகா முடிக்கு எண்ணெய் வாங்கித் தரச் சொன்னாளாம். சேலத்துக்கு அர்த்தனாரியின் பிக்கப்பிலேயே போகலாமா என்று சார் கேட்டாராம். பாவாயி நடுநடுவே, “எறங்கு கண்ணு, அம்மி மேல உக்காராத,” என்றாள்.

சத்யா இறங்கவில்லை. வெள்ளை வளையம் மங்கிப்போன கணுக்காலைத் தூக்கிப் பார்த்துக்கொண்டாள்.

“ஏம்மா, மாடத்துல பூ கட்டுற நூல்கண்டு இருந்துச்சே. அன்னைக்கும் இருந்துச்சு. நைலான் அறாதுன்னு தெரிஞ்சேதான குடுத்த?”

பாவாயி உரித்த தோலையெல்லாம் முறத்தில் அள்ளினாள். கத்தியைக் கழுவி மாட்டினாள். முறத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு, பின்கதவைக் காலால் தள்ளி, ஆட்டுக்குப் போட வெளியே போனாள்.