வரட்டுமா, டீச்சர்?

காலை ஒன்பதரைக்கு எங்கள் குழந்தைகள் காப்பகத்தின் வாசலில் கல்யாண வீட்டுக் கூட்டம் நிற்கும். பிள்ளைகளை விட வந்த அப்பா அம்மாக்கள்தான். விட்டுவிட்டுப் போகமாட்டார்கள். ஒரு அம்மா அங்கேயே உட்கார்ந்து அவரைக்காய்க்கு நார் எடுப்பார். ஹார்டுவேர் கடை மெய்யப்பன் ஹெல்மெட்டைக்கூடக் கழற்றாமல் ஜன்னலுக்கு வெளியே நின்று, கடை ஆளுக்குப் போனில் ஆணி விலை சொல்வார். டீ விற்பவர் ஒருவர் கூட்டத்தைப் பார்த்துத் தன் சைக்கிளை இந்தப் பக்கமே திருப்பிவிட்டார். நான் ஈப்போவிலிருந்து காரைக்குடிக்கு வாழ்க்கைப்பட்டு வந்தவள். மலேசியாவில் இப்படி ஒரு காட்சியைக் கண்டதே இல்லை.

ஈப்போவில் நான் வேலை பார்த்த தாஸ்காவில் (காப்பகத்துக்கு அங்கே அதுதான் பேர்) பெற்றோர் காரை விட்டே இறங்கமாட்டார்கள். கதவு திறக்கும், பிள்ளை இறங்கும், "பாய் சிக்கு" என்று டீச்சரான எனக்கு ஒரு குரல் வரும், கார் போய்விடும். பிள்ளையின் பை காரிலேயே இருந்துவிட்டால் நான்தான் பின்னால் ஓட வேண்டும். அப்போது அதெல்லாம் எனக்குக் கல்நெஞ்சாகத் தெரிந்தது. இங்கே வந்தபிறகு அந்தக் கார்களை நினைத்து ஏங்கினேன்.

மெய்யப்பனின் தலை ஜன்னலில் தெரிகிறவரை அவர் மகள் உமையாள் அழுவாள். அவள் அழுதால் மற்றதுகளும் சேர்ந்துகொள்ளும். காப்பகத்தை நடத்தும் விசாலாட்சி ஆச்சி ஒருநாள் என்னைக் கூப்பிட்டார்.

"தெருவே நம்மளத்தான் பாக்குது ஆத்தா. இந்த வாரத்துக்குள்ள வாசல் காலியாகணும். இல்லைன்னா நான் வேற டீச்சரப் பாக்குறேன்."

இந்த ஊருக்கு நான் 'மலேசியாக்காரப் பொண்ணு'. டீச்சர் என்று என்னைக் கூப்பிடுவது இந்த ஒரு வாசலில் மட்டும்தான். அதை இழக்க எனக்கு மனமில்லை.

இத்தனைக்கும் நான் சும்மா இருக்கவில்லை. ஈப்போவில் பயிற்சியில் சொல்லிக்கொடுத்தது சிரித்த முகம், தணிந்த குரல், மாறாத பதில். பிள்ளையை விட்டதும் மெய்யப்பன் தினமும் கேட்பார், "வரட்டுமா, டீச்சர்?" பாவம், உள்ளே வர ஆசைப்படுகிறார் என்று நினைத்து, கைகூப்பி, "வேண்டாங்க" என்பேன். அவர் முகம் வாடிப் போய் ஜன்னலோரம் நின்றுவிடுவார். அடுத்து அவரைக்காய் அம்மா, "வரட்டுமா?" "மன்னிச்சுக்குங்க, வேண்டாங்க." அவரும் உட்கார்ந்துவிடுவார். இவ்வளவு மரியாதையாகச் சொல்லியும் நகரமாட்டேன் என்கிறார்களே என்று உள்ளே போய்ப் பல்லைக் கடிப்பேன்.

வெள்ளிக்கிழமை மெய்யப்பன் ஹெல்மெட்டைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு வந்தார்.

"டீச்சர், தப்பா நெனைக்காதீக. கடையில சரக்கு வந்து எறங்கிக் கெடக்கு. தெனமும் வரட்டுமான்னு கேக்குறேன், வேண்டாங்கிறீக. எம்மக அழுகைய நிப்பாட்டுற வரைக்கும் என்னை விடமாட்டீகளா?"

"நான் எப்போங்க உங்களைப் போகவேண்டாம்னு சொன்னேன்? உள்ளே வரவேண்டாம்னுதானே சொன்னேன்?"

அவர் என்னைப் பார்த்தார். நான் அவரைப் பார்த்தேன். பக்கத்தில் நின்ற ஆயா அன்னம் பால் தம்ளரைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தாள்.

"டீச்சரம்மா, வரட்டுமான்னா போகட்டுமான்னு அர்த்தம். நீங்க வாங்கன்னு சொன்னாத்தான் அவுக போவாக."

"அப்போ போறேன்னு சொல்றதுக்கென்ன?"

"பிள்ளைய விட்டுட்டு நிக்கிற எடத்துல போறேன்னு யாராச்சும் சொல்லுவாகளா?"

"இதை ஏன் அன்னம் எங்கிட்ட முன்னாடியே சொல்லல?"

"மலேசியாவுல பெத்தவகளையும் சேத்து ஒக்கார வச்சுத்தான் பழக்குவாக போலன்னு நெனச்சேன்."

ஈப்போவில் இதைப் படிக்கிறவர்கள் சிரிக்க வேண்டாம். நீங்களும் கண்டுபிடித்திருக்கமாட்டீர்கள். எங்கள் வீட்டில் "போயிட்டு வரேன்லா" என்று கத்துவோம், கதவைச் சாத்துவோம். வரட்டுமா என்று நின்று அனுமதி கேட்டவர் யாருமில்லை.

மெய்யப்பன் நம்பிக்கையில்லாமல் இன்னொரு முறை கேட்டார். "அப்ப, வரட்டுமா?"

"வாங்க" என்றேன். மனிதர் ஹெல்மெட்டை மாட்டக்கூட நிற்காமல் வண்டியை முறுக்கிக்கொண்டு பறந்தார். மற்றவர்களையும் "வாங்க, வாங்க" என்று சிரித்த முகத்தோடு துரத்தினேன். உமையாள் ஜன்னலைப் பார்த்தாள். அப்பா தலை இல்லை. கொஞ்சம் விசும்பிவிட்டு அன்னத்திடம் பால் கேட்டாள். ஆச்சி வந்து காலி வாசலைப் பார்த்து, "திங்கக்கெழம வெள்ளனா வந்துருங்க, டீச்சர்" என்றார். எனக்குத் தலைகால் புரியாத சந்தோஷம். டீ விற்பவருக்கு மட்டும்தான் வருத்தம்.

அதிலிருந்து அந்த வார்த்தை எனக்கும் ஒட்டிக்கொண்டது. கடையோ கோயிலோ பக்கத்து வீடோ, எங்கே கிளம்பினாலும் வரட்டுமாதான். போன ஞாயிற்றுக்கிழமை ஈப்போவில் இருக்கும் அம்மாவோடு வீடியோ காலில் பேசிக்கொண்டிருந்தேன். அடுப்பில் குழம்பு கொதித்தது. போனை வைக்கிற அவசரத்தில், "சரிம்மா, வரட்டுமா?" என்றேன்.

அம்மா, "வாயேன்டி, இதையெல்லாமா கேட்பாங்க?" என்று சொல்லிவிட்டு, போனைப் பிடித்தபடியே எழுந்து போய் என் பழைய அறையில் விளக்கைப் போட்டார். திரையில் என் கட்டில் தெரிந்தது. அதன் மேல் குவிந்திருந்த துணிகளை ஒரு கையால் ஒதுக்கிக்கொண்டே, "என்னைக்கு டிக்கெட்?" என்றார். குழம்பு தீய்ந்த வாசம் வந்தது. நான் அந்தக் கட்டிலையே பார்த்துக்கொண்டிருந்தேன்.