நாலு மணித் தட்டு

தகர டப்பாவின் மூடியை வெட்டி, அந்த மூடியையே உள்ளே இறக்கிக் கட்டைவிரலால் அழுத்தினால், மீன் ஊறிக் கிடந்த தண்ணீர் ஓரங்களில் கசிந்து கையெல்லாம் வழியும். ஈரச் சாணமும் அடுப்புப் புகையும் மிளகுக்கொடியும் மணக்கிற எங்கள் வாசலில் அந்த மணம் மட்டும் யாரோடும் சேராமல் தனியாக நிற்கும். கடலைப் பார்த்திராத ஊர் எங்களுடையது. கொல்லிமலையில் வாழவந்தி நாட்டின் ஒரு மேட்டில், மார்கழிப் பனி சாயங்காலமே இறங்கிவிடுகிற இடத்தில், கடலின் மணத்தை நான் முதலில் அறிந்தது என் அம்மாவின் கையிலிருந்துதான். அந்த மணம் எனக்குப் பிடிக்கவே பிடிக்காது. மீன் நன்றாகத்தான் இருந்தது. ஆனால் அது எனக்காகத் திறக்கப்பட்ட டப்பா இல்லை.

நான் பள்ளிக்கூடம் போகத் தொடங்குவதற்கு முன்பே அம்மா சிங்கப்பூர் போய்விட்டாள். எங்கள் மிளகுக்கொடிகளில் முக்கால்வாசி வாடல் நோயில் ஒரே மழைக்காலத்தில் போய்ச் சேர்ந்திருந்தன. அங்கே ஒரு வெள்ளைக்காரக் குடும்பத்தில் வேலை, பிள்ளையைப் பார்த்துக்கொள்வது. பிள்ளையின் பெயர் தியோ. என் வயதுதான், சில மாதங்கள் இளையவன். அம்மா போனபோது அவன் பேசத் தொடங்கியிருந்தான், அவள் திரும்பியபோது புத்தகம் படித்துக்கொண்டிருந்தான் என்பதெல்லாம் எனக்கு மனப்பாடம், ஏனென்றால் திரும்பி வந்த அம்மா வேறெதையும் பேசவில்லை. அந்தக் குடும்பம் தங்கள் நாட்டுக்கே போய்விட்டது. அவர்கள் எழுதிக் கொடுத்த போன் நம்பரைச் செம்மேட்டுக் கடைவீதி போன் பூத்தில் போய் எத்தனை தடவை சுற்றிப் பார்த்தும் மணியே அடிக்கவில்லை. அம்மா பூத்துக்காரரிடம், "இன்னொருக்கா போடுங்க சாமி," என்று கேட்டுவிட்டு, ரிசீவரை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நிற்பாள்.

அந்தப் பையன் வேறெதையும் தின்னமாட்டானாம். அவர்கள் குடியிருந்த அடுக்குமாடியின் கீழே ஒரு கடை. கண்ணாடிப் பெட்டிக்குள் ரொட்டியில் வைக்க வகைவகையாகப் பிசைந்து வைத்திருப்பார்கள். அதில் இந்த மீன் பிசைந்ததை ரொட்டிக்குள் வைத்துக் கொடுத்தால்தான் வாயைத் திறப்பானாம். தினமும் கடையில் வாங்கினால் கட்டுப்படியாகுமா என்று அம்மா கண்ணாடிக்கு இந்தப் பக்கம் நின்று பார்த்துப் பார்த்தே அதை வீட்டில் செய்யக் கற்றுக்கொண்டாள். "கடையில இருக்கற மாதிரியே வேணும்பான். ஒரு உப்பு கூடுனாக் கண்டுபுடிச்சிருவான்," என்று சொல்லும்போது அவள் முகத்தில் வருகிற பெருமையை நான் எந்தப் பரீட்சையில் மார்க் வாங்கியும் வரவழைத்ததில்லை.

செய்முறையை எழுதிவிடுகிறேன், இன்றைக்கும் என் கைக்கு மறக்கவில்லை. முட்டையின் மஞ்சள் கருவோடு எலுமிச்சைச் சாறும் அரைத்த கடுகும் சேர்த்துக் கடைந்துகொண்டே கடலை எண்ணெயை நூலாக ஊற்ற வேண்டும், அவசரப்பட்டால் திரிந்துபோகும்; பொறுமையாகக் கடைந்தால் வெண்ணெய் மாதிரித் திரண்டு வரும். மீனைத் தண்ணீர் சொட்டாமல் பிழிந்து, துண்டு துண்டாக இல்லாமல் பஞ்சாகும் வரை முள்கரண்டியால் மசிக்க வேண்டும், அதில்தான் கடைப் பக்குவமே இருக்கிறது என்பாள். அங்கே ஏதோ ஒரு தண்டை நறுக்கிப் போடுவார்களாம், கடித்தால் 'நறுக்'கென்று தண்ணீர் விடுமாம். அது இங்கே கிடைக்காததால் அம்மா இளம் வாழைத்தண்டைப் பொடியாக நறுக்கி நாரை விரலில் சுற்றி எடுத்துப் போட்டாள். பொடி வெங்காயம், எங்கள் மிளகு. எல்லாம் பிசைந்து, சட்டியை ஊற்றுப் பக்கத்து ஈர மணலில் பாதி புதைத்து, குளிர வைத்து எடுப்பாள். அப்பாவின் அக்கா, எங்கள் அத்தை, வாயில் வெற்றிலையோடு வந்து எட்டிப் பார்த்து, "முட்டையக் கடஞ்சு வெண்ண எடுக்கறாளாமா! எங்கூட்டுக் கோழிகிட்டச் சொல்லோணும், மாட்டுக்குப் போட்டியா வந்திருச்சுன்னு," என்று கேலி பண்ணுவாள். நான் விழுந்து விழுந்து சிரிப்பேன். அம்மா சிரிக்கமாட்டாள்.

அவளுக்கு நாலு மணி என்று ஒன்று இருந்தது. குச்சிக்கிழங்குக் காட்டில் களை வெட்டிக்கொண்டிருந்தாலும் சரி, ஊரே கூடிய விசேஷத்தில் இருந்தாலும் சரி, திடீரென்று எழுந்து, கையைக் கழுவிக்கொண்டு, வீட்டுக்குப் போவாள். ரொட்டியின் ஓரத்தை வெட்டி, மீனை நடுவில் வைத்து, முக்கோணமாக அறுத்து, சின்ன எவர்சில்வர் தட்டில் வாசற்படியில் வைத்துவிட்டுப் பாதையைப் பார்த்துக்கொண்டு நிற்பாள். சிங்கப்பூரில் அவனுடைய பள்ளிக்கூட பஸ் வருகிற நேரம் அது. நானும் அதே நேரத்துக்குத்தான் பள்ளிக்கூடம் விட்டு அதே பாதையில் மேடேறி வருவேன். என்னைப் பார்ப்பாள். பார்த்துவிட்டு எனக்குப் பின்னால் பார்ப்பாள்.

அப்படி ஒருவர் தினமும் நமக்குப் பின்னால் பார்த்தால் என்ன ஆகும் தெரியுமா? அங்கே யாரோ வருகிறார்கள் என்று நம்பத் தொடங்கிவிடுவோம். அவனுடைய போட்டோ ஒன்றுகூட எங்களிடம் இல்லை. அதனால் அவனுக்கு நானே ஒரு முகம் செய்து வைத்திருந்தேன். சில்வர் ஓக் மரங்களுக்கு நடுவே பனி படர்ந்து கிடக்கிற பாதையில், ஈரச் சருகை மிதித்துக்கொண்டு, என் நடைக்கு ஏற்ற நடையில் அவன் வருவான். நான் நின்றால் நிற்பான். திரும்பிப் பார்க்க மாட்டேன், திரும்பினால் அவன் என்னை முந்திக்கொண்டு ஓடி அம்மாவிடம் போய்விடுவான் என்று பயம். செத்தவர்களுக்குப் பயப்படுகிற பிள்ளைகளை எனக்குத் தெரியும். எங்கோ சௌக்கியமாகத் தின்று விளையாடிக்கொண்டிருக்கிற ஒருவனுக்குப் பயந்து நடுங்கியவள் நான் ஒருத்திதான்.

இருட்டுகிற நேரத்தில் அந்தத் தட்டை எடுத்து அம்மா என்னிடம் நீட்டுவாள். "நீயாச்சும் சாப்புடு கண்ணு." நீயாச்சும்! எனக்கு வருகிற கோபத்துக்கு அந்தத் தட்டைக் காட்டுக்குள் வீசலாம் போலிருக்கும். "எனக்கு வேண்டாம், நாய்க்குப் போடு," என்று சொல்லிவிட்டு அத்தை வீட்டுக்குக் களி தின்னப் போய்விடுவேன். தூக்கத்திலும் அவள், "கம் கண்ணு, ஒன் பைட், ஒன் பைட்," என்று கெஞ்சிக்கொண்டிருப்பாள். அந்தக் 'கண்ணு' என்னுடையது. அதையும் கொண்டுபோய் அவனுக்குக் கொடுத்திருந்தாள்.

இந்தத் தூக்கப் பேச்சும் வாசற்படித் தட்டும் சேர்ந்து அத்தைக்கு ஒரு முடிவைக் கொடுத்துவிட்டன. எங்கள் பக்கத்தில் இப்படி ஆளில்லாத இடத்தில் சோறு வைப்பது செத்தவர்களுக்கு மட்டும்தான். அதிலும் காரமில்லாமல் வெள்ளை வெளேரென்று வைத்தால், அது காரம் பழகும் முன்பே செத்துப்போன பிள்ளைக்கு வைப்பது. "அந்தப் பையன் போய்ச் சேந்திருச்சு. இவ கைக்குள்ளயே போயிருக்கும் போல. சொல்ல வாயில்லாம மறைக்கறா. அது பாரு, அவ கூடவே வந்திருச்சு," என்று அப்பாவிடம் சொன்னாள். அப்பா, "உடு அக்கா, நாளானாச் சரியாப் போயிரும்," என்றார். அவர் எதற்கும் அதைத்தான் சொல்வார். அத்தை விடுகிற ஆளில்லை. அம்மா இல்லாத வருஷங்களில் என்னைக் குளிப்பாட்டி, பேன் பார்த்து, தன் பிள்ளையாக வளர்த்தவள். தம்பி பெண்டாட்டியை ஒரு செத்த பிள்ளை பிடித்துக்கொண்டிருந்தால் கையைக் கட்டிக்கொண்டு பார்த்திருப்பாளா?

அமாவாசையன்று அம்மா மீன் வாங்க மலை இறங்கினாள். சிங்கப்பூர் டப்பாக்கள் தீர்ந்து பரண்மேல் ஒன்றே ஒன்று மிச்சமிருந்தது. அதைத் தொட மனமில்லாமல், அடிவாரத்துக் காரவள்ளியில் ஐஸ் பெட்டியோடு வருகிற மீன்காரரிடம் டப்பாவில் இருக்கிற அதே கடல் மீன், சூரை, கிடைக்குமா என்று பார்க்கப் போயிருந்தாள். அவள் பஸ் ஏறியதும் அத்தை வந்தாள். புதுச் சட்டை ஒன்று, சின்னக் கார் பொம்மை, பிஸ்கட், ரொட்டி எல்லாம் வாங்கி வைத்திருந்தாள். "அதுக்குப் புடிச்சதை வயிறாரப் போட்டுக் கும்பிட்டு அனுப்பி உட்டா, உங்கம்மா உங்கிட்ட வந்துருவா. அந்த மீன் பிசையத் தெரியுமா சாமி உனக்கு?"

தெரியாமலா? பரண்மேல் ஏறி டப்பாவை எடுத்தது நான்தான். மூடியை அழுத்திப் பிழிந்ததும், எண்ணெயை நூலாக ஊற்றியதும், வாழைத்தண்டை நறுக்கியதும் நான்தான். அவன் தின்றுவிட்டு ஒரேயடியாகப் போக வேண்டும் என்று வேண்டிக்கொண்டே பிசைந்தேன். அது தப்பென்று எனக்கு அன்றும் தோன்றவில்லை, இன்றும் தோன்றவில்லை. எனக்கு என் அம்மா வேண்டும், அவ்வளவுதான்.

நடுவீட்டில் வாழை இலை போட்டு, விளக்கேற்றி, சட்டையை மடித்து வைத்து, அதன்மேல் காரை நிறுத்தி, இலை நடுவே அந்த ரொட்டி முக்கோணங்களை அத்தை அடுக்கினாள். சாம்பிராணிப் புகையில் நாங்கள் இருவரும் கும்பிட்டுக்கொண்டிருந்தபோது அம்மா மீன் பையோடு உள்ளே வந்தாள். இலையைப் பார்த்தாள். சட்டையின் அளவைப் பார்த்தாள். மீன் பையைத் தரையில் வைத்தாள்.

"நங்கையா! யாருக்கு இது?" அத்தையை அம்மா அப்படித்தான் கூப்பிடுவாள்.

"எல்லாம் உனக்குத் தெரிஞ்சதுதான் தாயி. மனசுக்குள்ளயே வெச்சு எதுக்குப் புழுங்கற?"

"அவன் உசுரோட இருக்கறான் நங்கையா! உசுரோட இருக்கற புள்ளைக்கா எலை போட்டீங்க?"

அத்தை கும்பிட்ட கையைக் கீழே இறக்கினாள். "அப்பறம் எதுக்குடி தெனமும் வாசப்படியில சோறு வெக்கற?"

"பள்ளிக்கோடம் உட்டுப் பசியோட வருவானே..." என்றாள் அம்மா. அதைச் சொன்ன பிறகுதான் அந்த வார்த்தை அவள் காதிலேயே விழுந்தது போல அப்படியே நின்றாள்.

அவள் அழுவாள், இலையைத் தூக்கி வீசுவாள் என்று எதிர்பார்த்தேன். அவள் விளக்கைத் தள்ளி வைத்துவிட்டு இலை முன்னால் சம்மணம் போட்டு உட்கார்ந்தாள். "இது படையல் இல்ல. ஊட்டுச் சோறு. ஊட்டுல செஞ்சதை ஊட்டு மனுசங்க திங்கறோம்," என்று யாருக்கோ கேட்க வேண்டும் என்பது போல உரக்கச் சொல்லிக்கொண்டு, ரொட்டியை எடுத்து வாயில் திணித்தாள். என் கையைப் பிடித்து இழுத்து மடியில் போட்டுக்கொண்டாள். "வாயத் தொற கண்ணு. தின்னு. ஒரு வாய் மிச்சம் வெக்கக்கூடாது. மிச்சம் வெச்சா அவனுக்கு ஆகாது."

அம்மா ஊருக்குத் திரும்பி வந்த பிறகு எனக்கு ஊட்டியது அன்றுதான் முதல் தடவை. அவள் விரல் என் உதட்டில் பட்டது. அதற்காகத்தானே அத்தனையும் செய்தேன்! மடி சூடாக இருந்தது, அவள் கண்ணீர் என் தலையில் விழுந்தது, நான் வாயை வாயைத் திறந்தேன். ஒவ்வொரு வாயும் அவன் உயிரோடு இருப்பதற்காக என் தொண்டையில் இறங்கியது.

அன்றோடு வாசற்படியில் தட்டு வைப்பது நின்றது. ஊர்க் கண்ணில் அது படையல் ஆகிவிட்டதே, வைத்தால் அவனைக் கொன்றதாகிவிடும் என்று பயந்தாள். அதற்குப் பதிலாக நாலு மணிக்கு என்னை உட்கார வைத்து ஊட்டத் தொடங்கினாள். சூரை கிடைக்காத நாளில் கட்லாவை அவித்து முள் எடுத்துப் பிசைவாள். நான் ஒரு வாய் வேண்டாமென்றால் முகம் வெளுத்துவிடும். எனக்குக் காய்ச்சல் வந்தால் அவனுக்கும் வந்திருக்குமோ என்று கலங்குவாள். எனக்கு அம்மை போட்டபோது வேப்பிலைப் படுக்கையருகே தூங்காமல் உட்கார்ந்திருந்தவள் யாருக்காக உட்கார்ந்திருந்தாள் என்று எனக்குத் தெரியாது, கேட்கவும் பயம். பாதையில் எனக்குப் பின்னால் வந்துகொண்டிருந்தவன் அதன்பிறகு வரவில்லை. அவன் எனக்குள்ளேயே வந்துவிட்டான். நான் மேடேறினால் அவனும் ஏறினான், நான் சாப்பிட்டால் அவன் வளர்ந்தான்.

இப்போது செம்மேட்டுக் கடையில் அந்த மீன் டப்பா வரிசையாக அடுக்கியிருக்கிறது. முட்டையும் எண்ணெயும் கடைந்ததை ட்யூபில் அடைத்து விற்கிறார்கள். பள்ளிக்கூடப் பிள்ளைகள் அதைக் கோழி வறுவலுக்குத் தொட்டுக்கொள்கிறார்கள், யாரும் சிரிப்பதில்லை. போன் பூத் இருந்த இடத்தில் டூவீலர் மெக்கானிக் கடை. என் போனில் தியோ என்று தேடினால் ஊருப்பட்ட பேர் வருகிறார்கள். தாடி வைத்தவர்கள், பிள்ளையைத் தூக்கி நிற்பவர்கள். குடும்பப் பெயர் அம்மாவுக்குத் தெரியாது. அந்த முகங்களை எல்லாம் அவளிடம் காட்டியிருக்கிறேன். "இவனில்ல... இவனாட்டந்தான் இருக்குது... இவனில்ல," என்று மூக்குக் கண்ணாடியைத் துடைத்துத் துடைத்துப் பார்ப்பாள்.

போன வருஷம் அம்மா போய்விட்டாள். கருமாதிக்கு இலை போட்டபோது, தளர்ந்துபோன அத்தை சுவரைப் பிடித்துக்கொண்டு வந்து என்னிடம் கேட்டாள்: "அவளுக்கு என்ன சாமி புடிக்கும்? சொல்லு, செஞ்சு வெச்சறலாம்."

நான் அப்பாவைப் பார்த்தேன். அப்பா இலையின் ஓரத்தை நேராக்கினார். "எதா இருந்தாலும் திம்பாளே," என்றார்.

"அப்ப அந்த மீனையே பிசைஞ்சு வெய்யி," என்றாள் அத்தை. டப்பா வாங்கி வந்து, பிழிந்து, மசித்து, வாழைத்தண்டு போட்டுப் பிசைந்துவிட்டேன். இலைப் பக்கம் கொண்டுபோகும்போது கை நின்றுவிட்டது. அது அம்மாவுக்குப் பிடித்ததில்லை, அவனுக்குப் பிடித்தது. அவன் எங்கோ உயிரோடு இருக்கிறான். அவன் சாப்பாட்டை நான் எப்படி இலையில் வைப்பேன்? அடுப்படிக்குள் திரும்பிப் போய், நின்றபடியே, சட்டியை வழித்து ஒரு பொட்டு மிச்சம் வைக்காமல் தின்று முடித்தேன்.

அம்மாவின் இலையில் சோறும் பருப்பும் வடையும் வைத்தோம், ஊரில் எல்லாருக்கும் வைப்பதைத்தான். அவளுக்கென்று வைக்க எங்களுக்கு ஒன்றுமே தெரியவில்லை.